மேஜர் பவல் கேட்ட வரைபடம்

1893-ஆம் வருஷம் அக்டோபர் மாதம் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் பாசன மாநாடு ஒன்று கூடிற்று. அமெரிக்காவின் மேற்குப் பாலை நிலங்களையெல்லாம் வாய்க்கால் வெட்டிச் சோலையாக்கிவிடலாம் என்ற உற்சாகத்தில் திரண்டிருந்த கூட்டம் அது. அந்த மேடையில் வலது முன்கை இல்லாத ஒருவர் எழுந்து, இருக்கிற நிலத்துக்கெல்லாம் பாய்ச்சத் தண்ணீர் இல்லை என்றார். தண்ணீர்ப் பங்கின் பேரால் சண்டையையும் வழக்கையும்தான் பிள்ளைகளுக்குச் சொத்தாகச் சேர்த்து வைக்கிறீர்கள் என்றும் சொன்னார். சபையோர் கூச்சலிட்டார்கள்.

அவர்தான் மேஜர் ஜான் வெஸ்லி பவல். 1862-இல் ஷைலோ யுத்தத்தில் கையை இழந்தவர். அதற்கு ஏழு வருஷம் கழித்து, மிச்சமிருந்த ஒரு கையோடு நான்கு படகுகளில் ஒன்பது பேரை அழைத்துக்கொண்டு கொலராடோ நதியின் பயங்கரமான மலைப் பிளவுகளைக் கடந்து வந்தார். வீரக் கதை எழுத ஏற்ற விஷயம். ஆனால் என்னைக் கவர்ந்தது 1878-இல் அவர் அரசாங்கத்துக்குக் கொடுத்த அறிக்கை. வருஷத்தில் இருபது அங்குலம் கூட மழை பெய்யாத சீமையில் ஆளுக்கு 160 ஏக்கர் என்று கோடு கிழித்துக் கொடுப்பது பேதைமை. பாசனம் உண்டென்றால் 80 ஏக்கரே போதும், மேய்ச்சல் நிலமானால் 2,560 ஏக்கர் வேண்டும் என்று எழுதினார். 'ஏர் போன வழியே மழை வரும்' என்று கற்றவர்களே நம்பிக்கொண்டிருந்த காலம் அது!

1888-இல் பாசன நிலங்களை அளக்கும்படி அவரிடமே சொன்னார்கள். அப்போது அவர் அமெரிக்க நிலவியல் அளவைத் துறையின் தலைவர். தண்ணீர் எங்கே, எவ்வளவு என்று வரைபடம் தயாரான பிறகே நிலத்தைப் பங்கிட வேண்டும் என்பது அவர் கட்சி. நிலம் வாங்கி விற்கக் காத்திருந்தவர்கள் பொறுப்பார்களா? இரண்டே வருஷத்தில் பணத்தை நிறுத்திவிட்டார்கள். படம் பாதியில் நின்றது. பவல் 1902-இல் காலமானார்.

அதே அளவைத் துறையின் தலைவராக இருந்த வில்லியம் பெக்கோரா, 1966-இல் பூமியை வானத்திலிருந்தே படம் பிடிக்க வேண்டும் என்று கிளம்பினார். 1972 ஜூலை 23-ஆம் தேதி முதல் லாண்ட்ஸாட் துணைக்கோள் ஏறிற்று. அதில் பெரிதாக நம்பப்பட்ட டெலிவிஷன் காமிரா சீக்கிரமே பழுதாயிற்று. வர்ஜீனியா நார்வுட் என்ற பெண் என்ஜினீயர் அமைத்த அலகிடும் கருவி, சோதனைக்காகக் கூடவே அனுப்பப்பட்டது. அதுதான் பெயரைக் காப்பாற்றியது.

ஆனால், எழுநூறு கிலோமீட்டர் உயரத்திலிருந்து ஒரு வயல் குடித்த தண்ணீரை எப்படி அளப்பது? நம் வீட்டு மண்பானையை நினைத்துக்கொள்ளுங்கள். கோடையில் பானை வேர்க்கிறது, வேர்ப்பதால் குளிர்கிறது. பயிரும் அப்படித்தான். இலை நீரை ஆவியாக்குகிற வரையில் குளிர்ந்திருக்கும். தாகத்தில் தவித்தால் சூடேறும். 1982 முதல் லாண்ட்ஸாட்டில் இந்தச் சூட்டைப் பார்க்கும் கண் ஒன்று சேர்ந்தது. வயலில் விழும் வெயிலில் மண்ணும் காற்றும் எடுத்துக்கொண்ட சூட்டைக் கழித்தால், மிச்சம் நீரை ஆவியாக்கச் செலவானது. பாஸ்டியான்ஸன் என்ற டச்சுக்காரர் 1990-களில் இந்தக் கழித்தல் கணக்கை வகுத்தார். ஐடஹோ சர்வகலாசாலையின் ரிச்சர்டு ஆலன் அதை ஸ்நேக் நதிச் சமவெளிக்குப் பொருத்தினார். செழித்து நிற்கும் குதிரை மசால் வயல் ஒன்று, காய்ந்து கிடக்கும் வெற்று நிலம் ஒன்று. இந்த இரண்டையும் எல்லையாக வைத்து, இடையிலுள்ள வயல்களையெல்லாம் எடை போட்டார்.

அந்தச் சீமையில் சட்டம், முதலில் தண்ணீர் எடுத்தவனுக்கே முதல் உரிமை என்பது. ஆற்றுப் பாசனக்காரருக்கும் கிணற்றுப் பாசனக்காரருக்கும் ஓயாத வழக்கு. பம்புசெட்டின் மின்சாரச் செலவை வைத்து உத்தேசமாகப் பேசிக்கொண்டிருந்தவர்கள் முன், வயல் வயலாக நிறம் தீட்டிய படம் வந்து உட்கார்ந்தது. ஒரு காலத்தில் ஒரு படத்தின் விலை 4,000 டாலருக்கும் மேல்; 2008-இல் எல்லாப் படங்களையும் இலவசமாக்கினார்கள்.

இவ்வளவுக்குப் பிறகு நடந்ததைக் கேளுங்கள். எட்டாவது லாண்ட்ஸாட்டுக்குத் திட்டம் போட்டபோது, செலவை உத்தேசித்துச் சூடு பார்க்கும் கண்ணையே நீக்கிவிட்டார்கள்! பவலின் படத்தை நிறுத்திய அதே சிக்கனம். இந்தத் தடவை கூச்சலிட்டவர்கள் வேறு. மேற்கு மாகாணங்களின் தண்ணீர் அதிகாரிகள் வாஷிங்டனை விடாமல் நச்சரித்தார்கள். கடைசியில் அவசர அவசரமாக ஒரு கருவி செய்து பொருத்தினார்கள். மற்ற கருவிக்கு ஐந்து வருஷ ஆயுள் என்றால், இதற்கு மூன்றே வருஷம் என்ற நிபந்தனையோடு. 2013 பிப்ரவரியில் அது வானேறியது.

2021-இல் மேற்கிலுள்ள பதினேழு மாகாணங்களின் வயல்களுக்கும் இந்தக் கணக்கை 'ஓப்பன்-ஈடி' என்ற பெயரில் பொதுவில் வைத்துவிட்டார்கள். வருகிற பருவத்துக்குக் குதிரை மசாலா, கோதுமையா என்று யோசிக்கும் குடியானவர், தம் நிலம் மாதா மாதம் எவ்வளவு குடித்தது என்று வீட்டிலிருந்தே பார்த்துக்கொள்ளலாம். பக்கத்து வயல்காரர் குடித்ததையும் பார்க்கலாம். பக்கத்து வயல்காரருக்கு இது எவ்வளவு பிடித்திருக்கும் என்பது வேறு விஷயம்.