கழுத்துவரை மண்ணில்

என் அப்பா மானாமதுரையில் பானை வனைந்தவர். வாங்க வருகிறவர்கள் விரல்முட்டியால் தட்டிப் பார்த்துத்தான் பானையை எடுப்பார்கள். கணீரென்று கேட்டால் நல்ல வேக்காடு. சத்தம் அமுங்கினால் எங்கோ கீறல் ஓடியிருக்கிறது என்று அர்த்தம். அந்தப் பழக்கம் என்னை விட்டுப் போகவே இல்லை. எந்த ஊரில் மண்பாண்டத்தைக் கண்டாலும் கை தானாக நீளும்.

மகள் ஜார்ஜியாவில், திபிலீசி நகரத்தில் மருத்துவம் படித்துக்கொண்டிருந்தபோது ஓர் அக்டோபர் மாதம் அவளைப் பார்க்கப் போயிருந்தேன். கிழக்கே காகெதிப் பகுதியில் திராட்சை அறுவடை நடக்கும் காலம் அது. தெலாவி ஊருக்குப் பக்கத்தில் தன் கூடப் படிக்கிற பெண்ணின் பெரியப்பா சின்னதாக ஒயின் செய்கிறார், மண்பானையில்தான் செய்கிறார் என்றாள். ஒயின் என்ற சொல்லுக்கு நான் அசைந்திருக்க மாட்டேன். பானை என்றதும் கிளம்பிவிட்டேன்.

அவர் வீட்டுக் கொல்லையில் தாழ்ந்த கூரை போட்ட ஒரு கொட்டகை. அதற்கு மரானி என்று பெயர். உள்ளே போனால் பானை ஒன்றைக்கூடக் காணோம்! மண் தரையில் வட்டமான பதினொரு வாய்கள் மட்டும் தெரிந்தன. சிலவற்றின்மேல் கல்மூடி, மூடியைச் சுற்றி ஈரக் களிமண் பூச்சு. மீதிப் பானை முழுக்கப் பூமிக்குள் கழுத்துவரை புதைந்திருக்கிறது. எனக்கு ஆதிச்சநல்லூர் தாழிகள்தான் ஞாபகம் வந்தன. நம் பக்கத்தில் அத்தனை பெரிய பானையை மண்ணுக்குள் இறக்கினது இறந்தவர்களுக்காக. இங்கே அடுத்த வசந்தத்துக்காக இறக்கியிருக்கிறார்கள்.

இந்தப் பானைக்கு க்வெவ்ரி என்று பெயர். இருபது லிட்டர் கொள்ளும் சின்னதும் உண்டு, ஆயிரக்கணக்கான லிட்டர் கொள்ளும் பெரியதும் உண்டு. அவரிடம் இருந்தவற்றில் பெரியதற்குள் ஓர் ஆள் தாராளமாக இறங்கி நிற்கலாம். காலியானதும் அப்படித்தான் இறங்கிக் கழுவுகிறார்கள். செர்ரி மரப்பட்டையை அடுக்கித் தைத்த தேய்ப்பானை நீளக் கம்பில் கட்டி வெளியிலிருந்து தேய்ப்பதும் உண்டு.

மூடியைத் திறந்து அவர் உள்ளே விட்டதைப் பார்த்ததும் நான் மகளின் கையைப் பிடித்துக்கொண்டேன். சுரைக்குடுக்கை! காய்ந்த சுரைக்காயைக் குடைந்து நீளக் காம்பு வைத்த அகப்பை. அதில் மொண்டு மண் கிண்ணத்தில் ஊற்றித் தந்தார். போன வருஷத்து அறுவடை, வசந்தத்தில் சக்கை நீக்கி வேறு பானைக்கு மாற்றி மூடியது. ர்கட்சிதெலி என்ற வெள்ளைத் திராட்சை. ஆனால் கிண்ணத்தில் இருந்தது பால் விடாத தேயிலைத் தண்ணீரின் நிறம்.

ஐம்பத்தாறு வயதுவரை மதுவை நாவில் வைத்தவள் இல்லை நான். அதனால் ஒயின் தெரிந்தவர்கள் சொல்கிற சொற்கள் என்னிடம் இல்லை, என் நாக்கு அறிந்ததைச் சொல்கிறேன். முதலில் புளிப்பு. அதற்குப் பின்னால் துவர்ப்பு, முழு நெல்லிக்காயைக் கடித்ததும் ஈறில் பிடிக்குமே அந்தத் துவர்ப்பு. விழுங்கிய பிறகு காய்ந்த நார்த்தங்காயின் வாசம். இனிப்பு இல்லவே இல்லை. இரண்டாவது வாய்க்குத்தான் பிடித்தது.

துவர்ப்பு எங்கிருந்து வருகிறது என்று கேட்டேன். மகள் மொழிபெயர்க்க, அவர் விளக்கினார். மற்ற நாடுகளில் பொதுவாக வெள்ளை ஒயினுக்குப் பழத்தைப் பிழிந்ததும் தோலை நீக்கிவிடுவார்கள். காகெதியில் தோல், விதை, காம்பு எல்லாமும் சாற்றோடு பானைக்குள் போகும். நுரைத்துப் பொங்கும் நாள்களில் மேலே மிதந்து வரும் சக்கையைக் கோலால் தினமும் பலமுறை அமுக்கிவிட வேண்டும். அடங்கியதும் கல்லை வைத்துப் பூசி, ஐந்தாறு மாதம் அப்படியே விட்டுவிடுவார்கள். மேற்கே இமெரெதியில் சக்கையை ரொம்பக் குறைவாகச் சேர்ப்பார்களாம். "அவர்கள் ஒயின் வேறு, எங்கள் ஒயின் வேறு" என்றார். பக்கத்து ஊர்க் குழம்பைப் பற்றி நாம் சொல்கிற அதே தொனி.

பானையின் அடி கூம்பாக இருப்பது ஏன் என்பதை அவர் சொல்வதற்கு முன்பே ஊகித்துவிட்டேன். விதைகள் அந்தக் கூம்பில் இறங்கிக் குவியும், வண்டல் அவற்றின்மேல் படிந்து மூடிக்கொள்ளும். விதையின் கசப்பு சாற்றுக்குள் மேற்கொண்டு ஏறாது. சுற்றியுள்ள பூமி குளிர்காலத்திலும் கோடையிலும் சூட்டை அதிகம் மாறவிடாமல் காக்கும். ஒயின்காரர் செய்ய வேண்டிய வேலையில் பாதியைப் பானை வனைந்தவர் முன்கூட்டியே செய்து வைத்திருக்கிறார்.

மறுநாள் பெரியப்பா என்னைப் பக்கத்து ஊரான வர்திசுபானிக்கு ஒரு குயவரிடம் அழைத்துப்போனார். அங்கே சக்கரம் கிடையாது. இவ்வளவு பெரிய பானையைச் சக்கரத்தில் எப்படிச் சுற்றுவது? களிமண்ணைக் கையளவு தடிமனில் திரியாக உருட்டி, விளிம்பின்மேல் வளையமாக வைத்து அழுத்திக்கொண்டே போகிறார். ஒருநாளைக்கு ஒரு சாண் உயரம்கூட ஏற்றுவதில்லை. கீழே உள்ளது இறுகினால்தான் மேலே உள்ளதைத் தாங்கும். எங்கள் ஆத்தா நெல் கொட்டும் குதிர்களை இப்படித்தான் அடுக்கடுக்காக எழுப்புவாள், ஒவ்வொரு அடுக்கும் காயும்வரை பிள்ளைகளை அண்டவிட மாட்டாள். ஒரு பெரிய க்வெவ்ரி முடிய வாரக்கணக்கில், சிலசமயம் மாதக்கணக்கில் ஆகும். பிறகு சூளை. வாயைச் செங்கல் வைத்து அடைத்து, சுமார் ஒரு வாரம் விறகு போட்டு எரிக்கிறார்கள். சூடு ஆறுவதற்குள் உட்புறம் தேன்மெழுகு தடவுகிறார்கள். வெளியே சுண்ணாம்புப் பூச்சு.

அந்தக் குயவரும் நானும் ஒருவர் பேச்சு மற்றவருக்குப் புரியாமல் அரைமணி நேரம் பேசினோம். அவர் தன் மண்ணில் ஒரு கட்டி எடுத்துக் கொடுத்தார். நான் விரலிடுக்கில் நசுக்கி, மணலின் அளவைப் பார்த்துத் தலையாட்டினேன். அது அவருக்குப் போதுமாக இருந்தது.

இந்த நாட்டில் ஒயினின் வயதைச் சொல்லிக் கொடுத்ததும் பானைதான். திபிலீசிக்குத் தெற்கே ஏறக்குறைய 50 கிலோமீட்டரில் கடச்ரிலி கோரா, ஷுலாவெரி கோரா என்ற இரண்டு மேடுகள். அங்கே தோண்டி எடுத்த ஓடுகளில் ஊறியிருந்த எச்சத்தைச் சோதித்து, திராட்சைக்கு அடையாளமான டார்டாரிக் அமிலத்தைக் கண்டு, 2017இல் ஆய்வாளர்கள் அறிவித்தார்கள். ஓடுகளின் காலம் கி.மு. 6000 முதல் 5800 வரை. அதற்குமுன் மூத்தது என்று கருதப்பட்டது ஈரானின் ஹாஜி ஃபிரூஸ் மேட்டில் கிடைத்த சான்று. இது அதைவிட அறுநூறு வருஷமாவது பழையது. கொடி மட்கிப் போகும், குடித்தவர்கள் மண்ணாகிப் போவார்கள். உடைந்த பானை மட்டும் தான் கொண்டிருந்ததை எட்டாயிரம் வருஷம் கழித்தும் சொல்லும். ஒயினைப் பற்றிப் பேசுகிறவர்கள் நிலத்தையும் கொடியையும் வாய் நிறையப் பேசுகிறார்கள், குயவரை ஒரு வரியில் கடந்துவிடுகிறார்கள். எனக்கு அது ஆறவே இல்லை.

இருபதாம் நூற்றாண்டில் இந்தக் கைத்தொழில் கிட்டத்தட்ட அற்றுப்போகும் நிலைக்கு வந்தது. சோவியத் காலத்தில் ஒயின் அரசாங்கத் தொழிற்சாலைக்குப் போனது. மாஸ்கோவுக்கு லட்சக்கணக்கில் பாட்டில் வேண்டும், அதற்குப் பெரிய தொட்டிதான் தோது. ஐந்நூறுக்கு மேற்பட்ட திராட்சை வகை உள்ள நாட்டில் ர்கட்சிதெலி, சபெராவி போன்ற சில வகைகளே எங்கும் நடப்பட்டன. பெரியப்பாவின் அப்பா கூட்டுப்பண்ணையில் வேலை பார்த்தவர். பண்ணைத் திராட்சை லாரியில் தொழிற்சாலைக்குப் போகும். கொல்லையில் இருந்த நாலு வரிசைக் கொடி மட்டும் வீட்டுப் பானைக்கு வரும். க்வெவ்ரி அப்படித்தான் பிழைத்தது, கல்யாணத்துக்கும் துக்கத்துக்குமான வீட்டு ஒயினாக. 1985இல் கோர்பச்சேவ் மது ஒழிப்பைத் தொடங்கியபோது கொடிகளையும் பிடுங்கினார்கள். குயவர்களைப் பானை செய்யாதே என்று யாரும் தடுக்கவில்லை; வாங்க ஆளில்லை, பிள்ளைகள் வேறு வேலைக்குப் போனார்கள். அந்தக் கதையை எனக்கு யாரும் மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை. எங்கள் தெருவில் எவர்சில்வர் குடம் வந்த பிறகு நடந்ததும் அதுதான்.

2006இல் ரஷ்யா ஜார்ஜிய ஒயினை அடியோடு தடைசெய்தது. ஏற்றுமதியில் மிகப் பெரும்பங்கு அங்கேதான் போய்க்கொண்டிருந்தது. 2013வரை நீடித்த அந்தத் தடையில் பெரிய ஆலைகள் திணறின, வேறு நாட்டுச் சந்தையைத் தேட வேண்டியிருந்தது. அப்போதுதான் கொல்லையில் புதைந்து கிடந்த பானைக்கு மதிப்பு வந்தது. யோஷ்கோ கிராவ்னர் என்ற இத்தாலிய ஒயின்காரர் அதற்கு முன்பே, 2000இல் இங்கே வந்து பார்த்து, அடுத்த வருஷமே தன் ஊரில் க்வெவ்ரியைப் புதைத்துவிட்டார். 2013 டிசம்பரில் யுனெஸ்கோ இந்த முறையை மானுடப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. பெரியப்பா பாட்டிலில் அடைத்து விற்கத் தொடங்கியது அதற்கடுத்த வருஷம். புதுப் பானை வேண்டுமென்று தேடியபோது செய்யத் தெரிந்த குடும்பங்கள் விரல்விட்டு எண்ணும்படி இருந்தனவாம். சொல்லி வைத்து ஒன்றரை வருஷம் காத்திருந்தாராம்.

இரவு விருந்து. சுப்ரா என்கிறார்கள். வெட்டிய திராட்சைக் கொடிக் குச்சிகளை எரித்து, அந்தத் தணலில் கம்பியில் கோத்த இறைச்சி. தோனே என்ற மண் அடுப்பின் உள்சுவரில் ஒட்டிச் சுட்ட நீள ரொட்டி. அக்ரூட் அரைத்துத் தடவிய கத்தரிக்காய் எனக்கு மிகவும் பிடித்துப்போய் மூன்றுமுறை கேட்டு வாங்கினேன். அங்கே யாரும் நினைத்தபோது கிண்ணத்தைத் தூக்க முடியாது. தமாதா என்று ஒருவர் விருந்தை நடத்துகிறார், அன்று பெரியப்பாவே தமாதா. அவர் எழுந்து வாழ்த்துச் சொன்ன பிறகுதான் குடிக்க வேண்டும். கடவுளுக்கு, நாட்டுக்கு, விருந்தாளிக்கு, பிள்ளைகளுக்கு என்று ஒவ்வொரு சுற்றும் நின்று நிதானமாகப் போனது.

போய்ச்சேர்ந்தவர்களுக்கான சுற்று வந்தபோது எல்லோரும் அமைதியானார்கள். ஒரு துண்டு ரொட்டியில் சில துளி ஒயினைச் சிந்தினார்கள். பிறகு அவர் என்னிடம் திரும்பி, "உங்கள் அப்பா பானை செய்தவராமே. அவர் பெயர் என்ன?" என்று கேட்டார். சொன்னேன். அந்தப் பெயரை அவர் இரண்டுமுறை சொல்லிப் பார்த்து, மூன்றாம் முறை சரியாக உச்சரித்து, கிண்ணத்தை உயர்த்தினார். சுற்றியிருந்த பன்னிரண்டு பேரும் சொன்னார்கள். நானும் ரொட்டியில் சிந்தினேன்.

கிளம்பும் காலையில் மரானிக்கு மறுபடி போனேன். மூலையில் ஒரு பானை கழுவிக் காலியாகத் திறந்திருந்தது. அவருடைய தாத்தா காலத்தது, யார் வனைந்தது என்று அவருக்கும் தெரியாது. தரையில் மண்டியிட்டு, கையை உள்ளே விட்டு, கழுத்துக்குக் கீழே விரல்முட்டியால் தட்டினேன். புதைந்த பானை, மண் சத்தத்தை விழுங்கிவிடும் என்று நினைத்திருந்தேன். அடியிலிருந்து மெதுவாக, கடம் மாதிரி ஒரு முழக்கம் ஏறி வந்தது. கீறல் இல்லை.

"நல்ல வேக்காடு" என்றேன். மகள் அதை மொழிபெயர்க்கும் முன்பே அவர் தலையசைத்துவிட்டார்.