குறுகியகால விடுமுறை வாடகைக் கட்டுப்பாடுகளுக்கான எதிர்ப்பு: அமெரிக்கா

குடியிருப்பு வீடுகளைச் சுற்றுலாப் பயணிகளுக்குச் சில இரவுகளுக்கு வாடகைக்கு விடுவதன்மீது அமெரிக்க நகரங்களும், மாவட்டத்தை ஒத்த நிருவாகப் பிரிவுகளான கவுண்டிகளும் விதிக்கும் தடைகள், உரிம வரம்புகள், பதிவுக் கட்டணங்கள், சிறப்பு வரிகள் ஆகியவற்றை வீட்டு உரிமையாளர்களும் முன்பதிவு நிறுவனங்களும் வாக்கெடுப்புகளிலும் நீதிமன்றங்களிலும் சட்டமன்றங்களிலும் எதிர்த்துவருகின்றனர். 'குறுகியகாலம்' என்பதைப் பெரும்பாலான ஊர்ச் சட்டங்கள் 30 நாளுக்குக் குறைவானது என்று வரையறுக்கின்றன. எதிர்ப்போர் அனைவரும் ஒரே அணியினர் அல்லர்: குடியிருக்கும் வீட்டின் ஓர் அறையை விடும் முதியவர், விடுமுறைக்கென இரண்டாவது வீடு வாங்கிய வெளியூர்க்காரர், பத்துப் பதினைந்து வீடுகளை வைத்துத் தொழிலாகவே நடத்துபவர், தரகு பெறும் நிறுவனம் ஆகியோரின் நலன்கள் பல இடங்களில் முரண்படுகின்றன. முதலாமவருக்கு மட்டும் விலக்களிக்கும் விதியே மற்ற மூவரையும் வழக்குக்குத் தூண்டியிருக்கிறது.

தோற்றம்

கடற்கரை, ஏரிக்கரை, மலைப்பகுதி ஊர்களில் வெளியூர்க்காரர் வீடு வாங்கி, தாம் வராத வாரங்களில் அதை வாடகைக்கு விட்டுச் சொத்து வரியையும் கடன் தவணையையும் ஈடுகட்டுவது இணையத்துக்கு முற்பட்ட வழக்கம். தடையும் அவ்வாறே. கலிபோர்னியாவின் கார்மல்-பை-த-சீ என்னும் சிற்றூர் குடியிருப்புப் பகுதிகளில் 30 நாளுக்குக் குறைவான வாடகையைத் தடைசெய்தபோது, அது இழப்பீடின்றிச் சொத்தைப் பறிப்பதாகும் என்று உரிமையாளர்கள் வழக்குத் தொடுத்தனர். மாநில மேல்முறையீட்டு நீதிமன்றம் 1991 இல் அதை ஏற்க மறுத்தது. சில நாள் தங்கிச் செல்வோர் ஊரின் பொதுவாழ்வில் பங்குகொள்வதில்லை என்று அத்தீர்ப்பு கூறிய காரணத்தையே கட்டுப்பாட்டை ஆதரிப்போர் இன்றும் முன்வைக்கின்றனர். கொலராடோவின் பிரெக்கன்ரிட்ஜ் என்னும் பனிச்சறுக்கு ஊரிலிருந்த ஒரு வீட்டுக்கு வாடகைக்காரரைத் தேடும் முயற்சியாக 1995 இல் விஆர்பிஓ தளமும், 2008 இல் சான் பிரான்சிஸ்கோவில் ஏர்பிஎன்பியும் தோன்றிய பின், விடுமுறை ஊர்களுக்குள் அடங்கியிருந்த இப்பூசல் பெருநகரங்களுக்கும் பரவியது.

வாக்குப்பெட்டியிலிருந்து நீதிமன்றத்துக்கு

எதிர்ப்பின் தொடக்ககால வெற்றிகளுள் பெரியது சான் பிரான்சிஸ்கோவில் கிடைத்தது. ஒரு வீட்டை ஆண்டுக்கு 75 இரவுகளுக்குமேல் வாடகைக்கு விடக் கூடாது என்றும், மீறுவோர்மீது அண்டை வீட்டாரே வழக்குத் தொடுக்கலாம் என்றும் கூறிய 'முன்மொழிவு எஃப்' 2015 நவம்பரில் அந்நகர மக்களின் வாக்குக்கு வந்தபோது ஏறத்தாழ 55 விழுக்காட்டினர் அதை நிராகரித்தனர். அதைத் தோற்கடிக்க ஏர்பிஎன்பி 80 இலட்சம் டாலருக்கு மேல் செலவிட்டது. பணத்தோடு, வீட்டை வாடகைக்கு விட்டவர்களிற் பலர் அந்நகரத்து வாக்காளர்களாகவே இருந்ததும் இம்முடிவுக்கு உதவியது எனலாம்.

விடுமுறை ஊர்களில் நிலைமை நேர்மாறானது. அங்கே வீட்டுக்குச் சொத்து வரியும் உரிமக் கட்டணமும் செலுத்துபவர் பெரும்பாலும் வேறோர் ஊரின் வாக்காளர். தம்மைப் பாதிக்கும் சட்டத்தை இயற்றும் மன்றத்தைத் தேர்ந்தெடுப்பதில் அவருக்குப் பங்கில்லை. கலிபோர்னியா–நெவாடா எல்லையிலுள்ள சவுத் லேக் டாஹோ இதற்குத் தெளிவான எடுத்துக்காட்டு. சுற்றுலா மையப் பகுதிக்கு வெளியே உள்ள குடியிருப்புகளில் விடுமுறை வாடகையை 2021 இறுதிக்குள் ஒழிக்கவும், நிரந்தரவாசிகள் மட்டும் தம் வீட்டை ஆண்டுக்கு 30 நாள் வரை விடவும் வகைசெய்த 'மெஷர் டி' 2018 நவம்பர் வாக்கெடுப்பில் வெறும் 58 வாக்கு வேறுபாட்டில் நிறைவேறியது. வாக்கில்லாதவர்களுக்கு எஞ்சிய வழி நீதிமன்றமே. 2023 இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் தடையின் பெரும்பகுதியை ஏற்று, உரிமம் பெற்றிருந்ததால் நிலையான உரிமை உண்டாகிவிடாது என்றது. ஆயினும் நிரந்தரவாசிகளுக்கு மட்டுமான சலுகை அரசமைப்புக்கு ஒவ்வுமா என்ற கேள்வியைக் கீழ்நீதிமன்றத்துக்குத் திருப்பியனுப்பியது. அக்கேள்வியிலேயே மெஷர் டி 2025 இல் வீழ்ந்தது.

இவ்வாதத்தின் அடிப்படை அமெரிக்க அரசமைப்பின் வணிகக் கூறாகும். மாநிலங்களுக்கிடையேயான வணிகத்தை ஒழுங்குபடுத்தும் அதிகாரத்தை அது நாடாளுமன்றத்துக்கு அளிப்பதால், வெளிமாநிலத்தாரைப் பாகுபடுத்தும் உள்ளூர்ச் சட்டம் செல்லாது என்று நீதிமன்றங்கள் வகுத்துள்ளன. சட்ட வழக்கில் இது 'உறங்கும் வணிகக் கூறு' எனப்படுகிறது. நியூ ஆர்லியன்சின் குடியிருப்புப் பகுதிகளில் அங்கேயே வசிப்பவருக்கு மட்டும் உரிமம் என்ற விதியை ஐந்தாம் வட்டாரக் கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம் 2022 ஆகஸ்டில் இக்காரணத்தால் நீக்கியது. இரைச்சல், குப்பை ஆகிய தொல்லைகளைத் தடுக்க அபராதம், உரிமம் பறித்தல் போன்ற வேறு வழிகள் நகரத்திடம் இருந்தன என்பது தீர்ப்பின் உட்கருத்து. ஆனால் வென்றவர்கள் நெடுநாள் மகிழவில்லை: நகர மன்றம் 2023 இல் யாருக்கும் பாகுபாடு காட்டாத, முன்னதைவிடக் கடுமையான விதியாக, ஒரு தெருத்தொகுதிக்கு ஓர் உரிமம் என வரம்பிட்டு, போட்டியிருப்பின் குலுக்கல் முறையில் வழங்கத் தொடங்கியது. பாகுபாடு என்ற வாதம் ஒரு விதியின் வடிவத்தை மட்டுமே முறிக்கும். கட்டுப்படுத்தும் அதிகாரத்தை அது தொடுவதில்லை.

டெக்சசின் ஆஸ்டின் நகரில் வாதம் வேறு வழியிற் சென்றது. உரிமையாளர் வசிக்காத வீடுகளைக் குடியிருப்புப் பகுதிகளில் விடுமுறை வாடகைக்கு விடுவதை 2022 க்குள் நிறுத்தவும், அத்தகைய வாடகை வீடுகளில் நடக்கும் கூட்டங்களுக்கு நேரமும் ஆளெண்ணிக்கையும் வரம்பிடவும் 2016 இல் நகரம் சட்டம் இயற்றியது. பின்னோக்கிப் பாயும் சட்டத்தை டெக்சஸ் அரசமைப்பு தடைசெய்வதால், சட்டப்படி நடந்துவந்த பயன்பாட்டை ஒழிக்கும் கூறு செல்லாது என்றும், ஒன்றுகூடும் உரிமையைக் கூட்ட வரம்பு மீறுகிறது என்றும் மாநில மேல்முறையீட்டு நீதிமன்றம் 2019 இல் தீர்ப்பளித்தது.

முன்பதிவு நிறுவனங்கள் தமக்கெனக் கையாண்ட கேடயம் இத்தனை பயன் தரவில்லை. பிறர் இடும் உள்ளடக்கத்துக்கு இணையத் தளத்தைப் பொறுப்பாக்கக் கூடாது என்னும் 1996 ஆம் ஆண்டுச் சட்டப்பிரிவு 230 ஐக் காட்டிக் கலிபோர்னியாவின் சாண்டா மோனிகா நகரின் விதியை ஏர்பிஎன்பியும் ஹோம்அவேயும் எதிர்த்தன. உரிமம் இல்லாத வீட்டுக்குப் பணம் பெற்று முன்பதிவு செய்து தருவதைத்தான் விதி தடுக்கிறதேயன்றி விளம்பரத்தை அன்று எனக் கூறி ஒன்பதாம் வட்டார நீதிமன்றம் 2019 மார்ச்சில் அவ்வாதத்தைத் தள்ளியது.

கட்டணமும் வரியும்

கட்டணத்துக்கு எதிரான வாதம் தடைக்கு எதிரான வாதத்தைவிட நுட்பமானது. சட்டப்படி 'கட்டணம்' என்பது ஒரு சேவைக்கோ மேற்பார்வைக்கோ ஆகும் செலவை ஈடுகட்டுவது. அதைத் தாண்டிப் பொது வருவாய் திரட்டுவது 'வரி'. கலிபோர்னியாவில் 2010 இன் முன்மொழிவு 26 இவ்வேறுபாட்டை இறுக்கியது. கொலராடோவில் 1992 முதல் புதிய வரிக்கு வாக்காளர் ஒப்புதல் கட்டாயம். எனவே, ஆய்வாளர் ஒருவரின் ஊதியத்துக்கும் கணினிப் பதிவுக்கும் ஆகும் தொகைக்கு மேலாக விதிக்கப்படும் கட்டணம் ஒப்புதல் பெறாத வரியே என்று எதிர்ப்போர் வாதிடுகின்றனர். ஆண்டுக் கட்டணம் எத்தனை இரவு வாடகைக்கு விடப்பட்டது என்று பாராமல் ஒரே தொகையாக அமைவதால், கோடையில் மூன்று வாரம் மட்டும் வீட்டை விடுபவருக்கும் ஆண்டு முழுதும் விடும் நிறுவனத்துக்கும் சுமை ஒன்றாகிறது. பெருந்தொழிலை அடக்க வந்த கட்டணம் சிறியவரை முதலில் வெளியேற்றுகிறது என்பது இவர்களது வாதங்களுள் மறுக்கக் கடினமானது. இதற்கு நகரங்கள் காணக்கூடிய எளிய விடை இரவுக் கணக்கில் வரி விதிப்பது. கொலராடோவின் ஸ்டீம்போட் ஸ்பிரிங்ஸ் 2022 நவம்பரில் வாக்காளர் ஒப்புதலோடு 9 விழுக்காட்டு வரியைக் கொண்டுவந்தது. அதன் வருவாய் முதன்மையாகப் பிரவுன் ராஞ்ச் என்னும் மலிவு வீட்டுத் திட்டத்துக்கெனக் கருதப்பட்டது. அத்திட்ட நிலத்தை நகரத்தோடு இணைப்பதை அதே ஊர் வாக்காளர்கள் 2024 இல் நிராகரித்துவிட்டனர். ஆண்டில் 90 நாளுக்கு மேல் வாடகைக்கு விடப்படும் வீட்டை, வீடுகளுக்குரிய 6.7 விழுக்காட்டளவு மதிப்பீட்டுக்குப் பதிலாக விடுதிகளுக்குரிய 27.9 விழுக்காட்டில் மதிப்பிட முனைந்த கொலராடோ மாநில மசோதா உரிமையாளர்களின் கடும் எதிர்ப்புக்கிடையே அதே ஆண்டு தோற்றது.

கட்டுப்பாட்டுக்கும் வரிக்கும் காரணமாகக் காட்டப்படும் வீட்டு வாடகை உயர்வுக்கு விடுமுறை வாடகை எந்த அளவுக்குக் காரணம் என்பதில், பாரன், குங், புரோசர்பியோ ஆகிய ஆய்வாளர்கள் 2021 இல் வெளியிட்ட ஆய்வை இரு தரப்பும் எடுத்தாள்கின்றன. ஏர்பிஎன்பி பட்டியல்கள் 1 விழுக்காடு கூடினால் வாடகை 0.018 விழுக்காடும் வீட்டு விலை 0.026 விழுக்காடும் கூடுகின்றன என்பது அதன் கணக்கு. எண் சிறிது என்பர் எதிர்ப்போர். பட்டியல்கள் ஆண்டுதோறும் வேகமாகப் பெருகிய காலத்தில் அச்சிறு எண் சேர்ந்து பெரிதாகும் என்பதை அவர்கள் பொதுவாகச் சொல்வதில்லை. உரிமையாளரே குடியிருக்கும் வீடுகள் மிகுந்த பகுதிகளில் இவ்விளைவு குறைகிறது என்ற மற்றொரு முடிவே அவர்களுக்கு உண்மையில் வலுச்சேர்ப்பது.

மாநிலத் தலைநகரங்களும் கடற்கரைச் சட்டமும்

ஊராட்சி மன்றத்தில் தோற்றவர்கள் மாநிலச் சட்டமன்றத்தை நாடி, உள்ளூர் அதிகாரத்தை மாநிலச் சட்டத்தால் விலக்கும் 'முன்தடுப்பு' முறையைக் கையாண்டனர். புளோரிடா 2011 இல் இத்தகைய சட்டமியற்றி 2014 இல் ஓரளவு தளர்த்தியது. அரிசோனா 2016 இல் நகரங்கள் விடுமுறை வாடகையைத் தடைசெய்வதையே தடைசெய்தது. செடோனா போன்ற சிற்றூர்களில் வீட்டுத் தட்டுப்பாடு முற்றியபின் 2022 இல் உரிம முறைக்கு இடமளித்தாலும், கட்டணத்துக்கு 250 டாலர் என்ற உச்சவரம்பையும் உடன் விதித்தது.

கலிபோர்னியாவில் எதிர்பாராத துணை கிடைத்தது. கடற்கரையை அனைவரும் அடைய வேண்டும் என்னும் 1976 ஆம் ஆண்டுக் கடற்கரைச் சட்டத்தின்படி, கடலோர ஊர்களில் விடுமுறை வாடகையை முற்றாகத் தடுப்பது நிலப் பயன்பாட்டு மாற்றம் என்றும் அதற்குக் கடற்கரை அனுமதி தேவை என்றும் மேல்முறையீட்டு நீதிமன்றங்கள் கூறின. ஆக்ஸ்நார்டில் வீட்டு உரிமையாளர் சங்கம் ஒன்றின் தடை 2018 இலும், சாண்டா பார்பரா நகரின் தடை 2021 இலும் இவ்வாறு சிக்கின. கடலோரத்தில் வீடில்லாக் குடும்பம் விடுதிச் செலவின்றிக் கடற்கரையில் தங்குவதற்கு வழி விட வேண்டும் என்ற இந்த வாதம், சொத்துரிமை பேசும் வாதத்தைவிட அறவலிமை மிக்கது. ஆனால் கடற்கரைக்கு அப்பால் அதற்குச் சட்டத் துணையில்லை.

நியூயார்க்கும் ஹவாயும்

நியூயார்க் நகரின் உள்ளூர்ச் சட்டம் 18, 2023 செப்டம்பர் 5 முதல் செயற்படுத்தப்பட்டது. 30 நாளுக்குக் குறைவாக வாடகைக்கு விட 145 டாலர் செலுத்திப் பதிவுசெய்ய வேண்டும். வீட்டுக்காரர் உடனிருக்க வேண்டும். விருந்தினர் இருவருக்கு மேற்படக் கூடாது. நடைமுறையில் இது முழுத் தடையே என்று ஏர்பிஎன்பி தொடுத்த வழக்கு ஆகஸ்டிலேயே தள்ளுபடியானது. இதன்பின் எதிர்ப்பு, ஒன்றிரண்டு குடும்பங்கள் வாழும் சிறு வீடுகளைச் சொந்தமாகக் கொண்டவர்களிடம் சென்றது. நூறு வீடுகள் கொண்ட அடுக்ககத்துக்குரிய விதியைத் தம் வீட்டின் கீழ்த்தளத்துக்கும் பொருத்துவது தகாது என்பது அவர்களது கோரிக்கை. விருந்தினர் நால்வர் வரை தங்கவும் உரிமையாளர் இல்லாதபோதும் வாடகைக்கு விடவும் இடமளிக்கும் மசோதா 2024 இல் நகர மன்றத்தில் முன்வைக்கப்பட்டது.

ஹவாயில் ஹொனலூலு நிருவாகம் 2022 இல், சுற்றுலா மண்டலங்களுக்கு வெளியே வாடகையின் குறைந்தபட்சக் காலத்தை 30 இலிருந்து 90 நாளாக உயர்த்தியபோது, புதிய மண்டலவிதி ஏற்கெனவே சட்டப்படி நடந்துவரும் குடியிருப்புப் பயன்பாட்டை ஒழிக்க முடியாது என்ற மாநிலச் சட்டத்தைக் காட்டி உரிமையாளர்கள் கூட்டாட்சி நீதிமன்றத்தில் தடையாணை பெற்றனர். 2023 ஆகஸ்டில் மவுயித் தீவின் லஹைனா நகரம் தீயில் அழிந்து, வீடிழந்தோர் மாதக்கணக்கில் விடுதிகளில் தங்க நேர்ந்தபின் அரசியற் சூழல் மாறியது. கவுண்டிகளே இத்தகைய பயன்பாட்டைப் படிப்படியாக ஒழிக்க அதிகாரமளிக்கும் சட்டத்தில் ஆளுநர் ஜோஷ் கிரீன் 2024 மேயில் கையெழுத்திட்டார். அதே மாதம் மவுயி மேயர் ரிச்சர்ட் பிசன், அடுக்கக மண்டலங்களில் உள்ள ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட விடுமுறைக் குடியிருப்புகளை நீண்டகாலக் குடியிருப்பாக மாற்றும் திட்டத்தை அறிவித்தார். ஹவாய்ப் பல்கலைக்கழகத்தின் பொருளாதார ஆய்வு அமைப்பு 2025 இல் வெளியிட்ட அறிக்கை, இத்திட்டத்தால் அடுக்கக வீடுகளின் விலை 20 முதல் 40 விழுக்காடு வரை குறையலாம், ஏறத்தாழ 1,900 வேலைகள் போகலாம் என்று மதிப்பிட்டது. உரிமையாளர்கள் இவ்விரு எண்களையும் முன்னிறுத்தினர். நீண்டகாலக் குடியிருப்புகளின் இருப்பு 13 விழுக்காடு உயரும் என்ற அதே அறிக்கையின் கணக்கும், உரிமையாளர்களுக்கு இழப்பாகத் தோன்றும் விலை வீழ்ச்சியும், மவுயியில் வீடு வாங்க முடியாத உள்ளூர்க் குடும்பங்களின் தரப்புக்கு ஆதரவாயின.