பழைய வண்டிக்கும் பல் உண்டு

எங்க பக்கம் மாடு பிடிக்கப் போறவங்க முதல்ல வாயைத் திறந்து பல்லைப் பார்ப்பாங்க. மாட்டுக்குக் கீழ்த்தாடையில் மட்டும்தான் முன்பல், மொத்தம் 8. பால்பல் விழுந்து ரெண்டு ரெண்டாகப் பெரிய பல் முளைக்கும். ரெண்டு பல் என்றால் வயசு ரெண்டு, ரெண்டரை. நாலு பல் என்றால் மூணு வாக்கில். எட்டும் நிறைஞ்சுட்டா அஞ்சைத் தொட்டுடுச்சுன்னு அர்த்தம். அதுக்கப்புறம் தேய்மானத்தை வச்சுத்தான் வயசு சொல்லணும். கொம்பைச் சீவி வண்ணம் பூசலாம். காலையில் கறக்காம விட்டு மடியைப் பெருசாக் காட்டலாம். உடம்பைத் தேய்ச்சுக் குளிப்பாட்டிப் பளபளன்னு நிறுத்தலாம். முளைச்ச பல்லை மட்டும் மறைக்க முடியாது.

அந்தியூர் குருநாதசாமி கோயில் சந்தையும் கண்ணபுரம் மாரியம்மன் கோயில் சந்தையும் இப்பவும் கூடுது. ஆனா என் வயசுக்காரங்க இப்ப அதிகமாத் தேடுறது பழைய கார். அதிலும் 'காம்பாக்ட் எஸ்யூவி'ங்கிற, உசரமா ஆனா குட்டையா இருக்கிற குடும்ப வண்டி. தோட்டத்து மண் தடத்தில் அடி தட்டாமப் போகணும், ஆஸ்பத்திரிக்கு அவசரம்னா அம்மாவைப் படுக்க வச்சுக் கூட்டிப் போகணும், கல்யாணத்துக்குக் குடும்பத்தோட போய்ட்டு வரணும். ரெண்டு மூணு வருஷ மஞ்சள் காசைச் சேர்த்து அஞ்சாறு லட்சம் போட்டு வாங்குறோம். தப்பாப் போனா அடுத்த வெள்ளாமைக்கு உரம் வாங்கக் கடன்தான்.

இந்த வண்டிக்கும் பல் உண்டுங்க. அது எந்த வருஷம் பிறந்தது, எந்தச் சட்டத்தால அப்படிப் பிறந்ததுன்னு தெரிஞ்சா, வாங்கும்போது எதைப் பார்க்கணும்கிறது தானா விளங்கும். அந்தக் கதையை வரிசையாச் சொல்றேன்.

1940களின் கடைசியில் மகிந்திரா கம்பெனி இந்தியாவில் வில்லிஸ் ஜீப்பைப் பூட்டி விற்க ஆரம்பிச்சது. கிராமத்தில் உசரமான வண்டின்னா ரொம்ப காலம் ஜீப்தான். வசதியான வீட்டில் அம்பாசிடரோ பியட்டோ நிற்கும். புது வண்டிக்குப் பணம் கட்டி வருஷக்கணக்கில் காத்திருந்த காலம் அது. அதனால பழைய வண்டிக்கு நல்ல கிராக்கி. வாங்குறதுக்கு முன்னே ஒரு மெக்கானிக்கைக் கூட்டிப் போனாப் போதும். காதால் கேட்டு, கையால் ஆட்டிப் பார்த்துச் சொல்லிடுவார். கியர்பாக்ஸை வேப்பமரத்தடியில் கழற்றிப் போட்டுப் பூட்டினவங்களை நான் சின்ன வயசுல பார்த்திருக்கேன். எந்தப் பழுதும் ஊருக்குள்ளேயே சரியாகும்.

1983 கடைசியில் மாருதி 800 வந்தது. 1994ல் டாடா சுமோ, 2000ல் பொலேரோ, 2002ல் ஸ்கார்ப்பியோ. இதெல்லாம் உசரமான வண்டிகள்தான், ஆனா பெரிய உடம்பு, பெரிய விலை. சின்னக் கார் தோட்டத்து மேட்டில் அடி தட்டும், பெரிய வண்டி கைக்கு எட்டாது. நடுவுல ஒண்ணு இல்லாமத்தான் இருந்தது.

அதை உண்டாக்கினது ஒரு வரிங்க. 2006 மத்திய பட்ஜெட்டில் நிதியமைச்சர் ப. சிதம்பரம் சின்னக் கார்களுக்குக் கலால் வரியை 24 சதவீதத்திலிருந்து 16 சதவீதமாகக் குறைச்சார். சின்னக் கார்னா என்னன்னு அளவும் சொன்னாங்க. நீளம் 4 மீட்டருக்கு மேல் போகக் கூடாது. பெட்ரோல் என்ஜின்னா 1200 சிசிக்குள், டீசல்னா 1500 சிசிக்குள் இருக்கணும். உடனே கம்பெனிக்காரங்க டேப்பை எடுத்துட்டாங்க. 2008ல் டாடா தன் இண்டிகோ காரின் டிக்கியைக் குறைச்சு இண்டிகோ சிஎஸ் கொண்டுவந்தது. 2009ல் பிரீமியர் ரியோ வந்தது, 4 மீட்டருக்குள் அடங்கின எஸ்யூவி. 2012ல் மகிந்திரா தன் சைலோவின் பின்பக்கத்தை வெட்டி குவான்டோன்னு விட்டது. 2016ல் பொலேரோவும் குட்டையாகி பவர் பிளஸ் ஆனது.

இதில் வாங்குறவருக்கு ஒரு பாடம் இருக்கு. நீளத்தைத் தீர்மானிச்சது வரி. வெட்டுப்பட்டது பின்சீட்டு கால் இடமும் டிக்கியும்தான். முன்சீட்டில் உட்கார்ந்து ஓட்டிப் பார்த்தா வண்டி ராஜா மாதிரி இருக்கும். அதனால வண்டி பார்க்கப் போறப்ப வீட்டுக்காரம்மாவையும் பெரியவங்களையும் கூட்டிப் போங்க. பின்சீட்டில் மூணு பேரை உட்கார வச்சு அரைமணி நேரம் ஓட்டச் சொல்லுங்க. முழங்கால் வலிக்காரங்களை ஏறி இறங்கச் சொல்லுங்க. நடுவில் உட்கார்ந்தவர் முகத்தைப் பார்த்தாலே தெரிஞ்சுடும்.

அடுத்த திருப்பம் நம்ம மறைமலைநகரில் நடந்தது. 2013 ஜூனில் ஃபோர்டு கம்பெனி ஈகோஸ்போர்ட்டை விற்பனைக்கு விட்டது. 4 மீட்டருக்குள் அடங்கின உடம்பு, தரையிலிருந்து 200 மில்லிமீட்டர் உசரம். ஜனங்க மாசக்கணக்கில் காத்திருந்து வாங்கினாங்க. அதுக்கப்புறம் வரிசை கட்டி வந்தது. 2016ல் மாருதி விட்டாரா பிரெஸ்ஸா, 2017ல் டாடா நெக்ஸான், 2019ல் மகிந்திரா எக்ஸ்யூவி 300, அதே வருஷம் ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கத்தில் செஞ்ச ஹூண்டாய் வென்யூ. இன்னைக்கு ஆட்டோ கன்சல்டிங் வாசலில் கழுவித் துடைச்சு நிறுத்தியிருக்கிற பழைய எஸ்யூவிகளில் பாதிக்கு மேல் இந்தப் பேர்கள்தான் கண்ணில் படும்.

2021 செப்டம்பரில் ஃபோர்டு இந்தியாவில் கார் செய்யுறதை நிறுத்தப் போறதா அறிவிச்சது. 2022ல் மறைமலைநகரில் கடைசி வண்டியும் இறங்கியது. வண்டி கெட்டதுன்னு சொல்ல வரலை. உற்பத்தி நின்ன எந்த வண்டியா இருந்தாலும், விலை பேசுறதுக்கு முன்னே உங்க ஊர் மெக்கானிக்கிட்டயும் உதிரிபாகக் கடையிலயும் போய் நாலு சாமான் பேரைச் சொல்லி விசாரிங்க. ஹெட்லைட், கதவு, கிளட்ச் செட், சென்சார். எத்தனை நாளில் வரும், என்ன விலைன்னு கேளுங்க. அந்தப் பதில்தான் வண்டியோட பாதி விலை.

பழைய வண்டிச் சந்தையில் ரொம்ப முக்கியமான கோடு 2020 ஏப்ரல் 1. அன்னைக்கு நாடு முழுக்க பிஎஸ் 6 புகை விதி வந்தது. பிரெஸ்ஸாவை எடுத்துக்குங்க. 2016ல் வந்தப்ப அதில் டீசல் மட்டும்தான். ஃபியட் வடிவமைச்ச 1.3 லிட்டர் என்ஜின், ஸ்விஃப்ட்டில் ஓடினதேதான். 2020ல் மாருதி டீசலையே விட்டுட்டு பிரெஸ்ஸாவில் 1.5 லிட்டர் பெட்ரோல் வச்சது. ஒரே பேர், ஒரே முகம், உள்ளே வேற மாடு. முன்னதுக்கு எங்க ஊர் மெக்கானிக் கண்ணை மூடிக்கிட்டு வேலை பார்ப்பார்.

பிஎஸ் 6 டீசலில் புகைக்கரியைப் பிடிச்சு வைக்கிற வடிகட்டி ஒண்ணு இருக்கும், டிபிஎஃப்னு சொல்வாங்க. சேர்ந்த கரியை அதுவே சூட்டில் எரிச்சுக்கணும். அதுக்கு நீண்ட ரோட்டில் கொஞ்ச நேரம் நல்ல வேகத்தில் ஓடணும். பால் சொசைட்டிக்கு ரெண்டு கிலோமீட்டர், பள்ளிக்கூடத்துக்கு மூணு கிலோமீட்டர்னு ஓட்டினா அடைச்சுக்கும். டவுனில் சிக்னலுக்குச் சிக்னல் நின்னு ஓடினதுக்கும் அதே கதைதான். ஆக, முதல் ஓனர் எங்கே எப்படி ஓட்டினார்னு கேட்காம பிஎஸ் 6 டீசலுக்கு அட்வான்ஸ் கொடுக்காதீங்க. பெட்ரோல் வண்டிக்கும் ஒரு கோடு இருக்கு. 2023 ஏப்ரலுக்குப் பிறகு செய்த பெட்ரோல் கார்கள், 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோலைத் தாங்குற ரப்பர், குழாய்களோடு வருது. அந்த எத்தனால் நாங்க விளைவிக்கிற கரும்பிலும் மக்காச்சோளத்திலும் இருந்துதான் போகுது. அதுக்கு முந்தின வண்டின்னா கம்பெனி கையேட்டில் எந்தக் கலப்பு வரை போடலாம்னு எழுதியிருக்கும், படிச்சுப் பாருங்க.

குடும்ப வண்டிக்கு 2019ம் ஒரு பல்தான். அந்த வருஷம் ஜூலையிலிருந்துதான் புதுக் கார் எல்லாத்திலும் ஓட்டுநர் ஏர்பேக் கட்டாயமாச்சு. அதுக்கு முந்தின வண்டிகளில், விலை குறைஞ்ச மாடல்னா ஏர்பேக் இல்லாமலும் இருக்கும். அதனால பேரைப் பார்த்து நம்பாம, எந்த வேரியண்ட்னு கேளுங்க. சாவியைத் திருப்பினதும் ஏர்பேக் விளக்கு எரிஞ்சு சில நொடியில் அணையணும். அணையாம எரிஞ்சா கோளாறு. எரியவே இல்லைன்னா இன்னும் மோசம், மோதி வெடிச்ச ஏர்பேக்கை மாத்தாம விளக்கை மட்டும் பிடுங்கி இருக்கலாம்.

இனி தேய்மானம் பார்க்கிற கதை. அந்தக் காலத்து மீட்டரைக் கையால் பின்னுக்குத் திருப்பினாங்க. இப்ப கம்ப்யூட்டரில் திருப்புறாங்க. ஆக, கிலோமீட்டர் கொம்புக்குப் பூசின வண்ணம் மாதிரி. திருப்ப முடியாத இடங்களைப் பாருங்க. டயரின் பக்கத்தில் நாலு இலக்கம் இருக்கும். 2318 என்றால் 2018ஆம் வருஷம் 23ஆவது வாரம் செய்தது. மீட்டர் 25,000னு சொல்லுது, நாலு டயரும் வண்டியை விட நாலு வருஷம் இளசுன்னா, பழைய டயர் எங்கே தேய்ஞ்சதுன்னு கேட்கணும். கிளட்ச், பிரேக் மிதியின் ரப்பரையும் ஓட்டுநர் சீட்டின் ஓரத்தையும் பாருங்க. கண்ணாடி ஒவ்வொண்ணிலும் முத்திரை இருக்கும், ஒண்ணு மட்டும் வேற மாதிரி இருந்தா அந்தப் பக்கம் அடிபட்டிருக்கலாம். பானட், கதவுக் கீல் போல்ட்டில் பெயிண்ட் உரிஞ்சிருந்தா ஸ்பேனர் பட்டிருக்கு. பட்டி பார்த்து பெயிண்ட் அடிச்ச இடத்தை வெயிலில் சாய்வாப் பார்த்தா அலை அலையாத் தெரியும்.

2015 டிசம்பரில் சென்னையில் வெள்ளம் வந்து ஆயிரக்கணக்கான வண்டி தண்ணிக்குள் நின்னது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். அதுக்கடுத்த வருஷம் எங்க பங்காளி ஒருத்தர் வெளியூரில் ஒரு வண்டி பிடிச்சுட்டு வந்தார். பார்க்கப் புதுசு மாதிரி. நாலு மாசத்தில் கண்ணாடி ஏறலை, ஆறு மாசத்தில் மழை பெஞ்சா ஸ்டார்ட் ஆகலை. ஒயரிங் முழுக்கப் பச்சைப் பாசி பிடிச்ச மாதிரி களிம்பு. அந்த வருஷம் அவர் ஜோடிக் காளையை வித்துத்தான் தவணை கட்டினார். வெள்ளம் கண்ட வண்டியைக் கண்டுபிடிக்க ஒரு வழி: சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுங்க. உள்ளே சுருண்டிருக்கிற பகுதியை யாரும் துவைக்க மாட்டாங்க. சேத்துக் கறை அங்கே கோடாத் தெரியும். ஸ்டெப்னி வைக்கிற குழியிலும், சீட்டுக்கு அடியில் இரும்பிலும் துருவைப் பாருங்க.

காளையை ஏரில் பூட்டி ரெண்டு சால் ஓட்டிப் பார்க்காம யாரும் காசு எண்ண மாட்டாங்க. வண்டிக்கும் அதேதான். போனதும் பானட்டில் கை வைங்க. சூடா இருந்தா, முன்னாடியே ஸ்டார்ட் பண்ணி வச்சிருக்காங்க, ஆறட்டும்னு உட்காருங்க. பச்சை என்ஜின் ஸ்டார்ட் ஆகுறப்பதான் நிஜம் பேசும். நீலப் புகைன்னா ஆயில் எரியுது. ஸ்டியரிங்கை முழுக்க ஒடிச்சு மெதுவா வட்டம் போடுங்க, டக் டக்னு சத்தம் வந்தா ஆக்ஸில் மூட்டு போச்சு. குண்டும் குழியுமான ரோட்டில் பாட்டை நிறுத்திட்டு ஓட்டுங்க.

கடைசியா ரெக்கார்டு. மோட்டார் வாகனச் சட்டம் முதலில் 1914லும் இப்ப இருக்கிறது 1988லும் வந்தது. 2018ல் சுப்ரீம் கோர்ட் ஒரு தீர்ப்பில் தெளிவாச் சொல்லிடுச்சு: வண்டியை எத்தனை கை மாத்தினாலும், பதிவேட்டில் பேர் இருக்கிறவர்தான் ஓனர், விபத்துன்னா நஷ்டஈடும் அவர் தலையில்தான். அதனால வாங்குறவரைப் போலவே விக்கிறவரும் பயப்படணும். படிவம் 29லயும் 30லயும் கையெழுத்து வாங்கிப் பீரோவில் வைக்காம உடனே ஆர்டிஓவில் கொடுங்க. கடன் இருந்த வண்டின்னா ஆர்சியில் ஹெச்பி கேன்சல் ஆகியிருக்கணும். வண்டியில் பொறிச்ச 17 எழுத்து சேசிஸ் நம்பரை ஆர்சியோட எழுத்தெழுத்தா ஒப்பிட்டுப் பாருங்க.

விலை பேசுறப்ப இன்னொரு தேதி ஞாபகம் வச்சுக்குங்க. 2025 செப்டம்பர் 22 முதல் சின்னக் கார்களுக்கு ஜிஎஸ்டி 18 சதவீதமாகக் குறைஞ்சது. அளவு பழைய அதே 4 மீட்டர், 1200, 1500தான். புது வண்டி விலை இறங்கின பிறகும், தான் வாங்கின பழைய விலையை மனசில் வச்சுத்தான் ஓனர் கணக்குச் சொல்வார். நீங்க இன்னைக்கு ஷோரூம் விலையைக் கையில் வச்சுக்கிட்டுப் பேசுங்க.

சந்தையில் துண்டுக்குள் கையை விட்டு விரலைப் பிடிச்சு விலை பேசுவாங்க. ஒத்து வரலைன்னா கையை உருவிக்கிட்டு வந்துடலாம், யாரும் கோவிச்சுக்க மாட்டாங்க. வண்டிக்கும் அப்படித்தாங்க. பல் சரியில்லைன்னா பஸ் ஏறி ஊருக்கு வந்துடுங்க. அடுத்த வாரமும் சந்தை கூடும்.