சிறிய கப்பலும் தளர்ந்த கால்களும்

முதுமையினாலோ நோயினாலோ விபத்தினாலோ நடமாட்டம் குறைந்தவர்களுக்குக் கடற்பயணம் எட்டாக்கனி என்ற எண்ணம் நம்மிடையே நெடுங்காலமாக வேரூன்றியுள்ளது. உண்மையில், அத்தகையோருக்குத் தரைவழிச் சுற்றுலாவை விடக் கப்பற் பயணமே இலகுவானதாக அமைய இடமுண்டு. நாளொரு விடுதியாகப் பெட்டி படுக்கைகளைச் சுமக்க வேண்டியதில்லை. உறங்கும் அறையும் உணவருந்தும் மண்டபமும் பயணியுடனேயே வருகின்றன. புலம்பெயர்ந்து வாழும் பிள்ளைகள் தம் பெற்றோரை இத்தகைய பயணங்களுக்கு அழைத்துச் செல்வதும் இன்று புதுமையானதல்ல. ஆயினும் எந்தக் கப்பலைத் தெரிவு செய்வது என்ற கேள்விக்கு உரிய விடை தேடப்படாவிட்டால், மகிழ்ச்சிக்கான பயணம் மனவருத்தமாக முடிந்துவிடும்.

உல்லாசக் கப்பல்கள் இன்று மிதக்கும் நகரங்களாகிவிட்டன. 2024ஆம் ஆண்டு ஜனவரியில் சேவைக்கு வந்த 'ஐக்கன் ஒஃப் த சீஸ்' என்னும் கப்பலின் நீளம் 365 மீற்றர், தளங்கள் 20, ஏற்றக்கூடிய பயணிகள் 7,600 பேர் வரை. ஊன்றுகோலுடன் நடக்கும் ஒருவர் முன்பகுதியிலுள்ள தமது அறையிலிருந்து பின்பகுதியிலுள்ள உணவு மண்டபத்துக்குச் சென்று திரும்புவதே ஒரு பயணமாகிவிடும். மின்தூக்கிக்கு முன்பாகவும், கரையிறங்கும் வாயிலிலும் காத்து நிற்கவும் வேண்டும். சில நூறு பேரை மட்டுமே ஏற்றும் கப்பலில் இந்தத் தூரங்களும் வரிசைகளும் குறைகின்றன. ஓரிரு நாட்களிலேயே பணியாளர்கள் பயணியை முகமறிந்து உதவுவதும் அங்கு இயல்பு.

அடுத்தது துறைமுகம் பற்றியது. பெரிய கப்பல்கள் அணைய முடியாத துறைகள் உலகில் பல உள்ளன. கரிபியன் கடலிலுள்ள கிராண்ட் கேமன் தீவில் அவை கடலில் நங்கூரமிட, பயணிகள் சிறு படகுகளில் கரை சேர்க்கப்படுகின்றனர். அலையில் ஆடும் படகுக்குள் ஓர் அடி எடுத்து வைப்பது, முழங்கால் வலுவற்றவருக்கு மலையேறுவதற்கு ஒப்பானது. எடை கூடிய மின்சாரச் சக்கர நாற்காலிகளைப் படகில் ஏற்றப் பல நிறுவனங்கள் இணங்குவதில்லை. சிறிய கப்பல்களோ பல துறைகளில் நேரடியாக மேடையை அணைகின்றன. எனினும் இது எங்கும் பொருந்தும் விதியன்று. கிரேக்கத்தின் சந்தொரினித் தீவில் பழைய துறையில் இறங்குவோர், கேபிள் காரிலோ ஏறத்தாழ அறுநூறு படிகளின் வழியாகவோதான் மேலுள்ள ஊரை அடைய முடியும்.

இத்துணை நன்மைகள் இருப்பினும், சிறியதெல்லாம் சிறந்தது என்று முடிவுகட்டுவது தவறாகும். நூறு பேருக்கும் குறைவானோரை ஏற்றும் கப்பல்கள் பலவற்றில் மின்தூக்கியே இல்லை. நீர் புகாதிருக்க அமைக்கப்படும் உயர்ந்த வாயிற்படிகள் சக்கர நாற்காலியைத் தடுத்து நிறுத்தும். கொந்தளிக்கும் கடலில் சிறிய கப்பலின் ஆட்டமும் அதிகம். துருவப் பகுதிகளுக்குச் செல்லும் ஆய்வுப் பயணக் கப்பல்கள் தம் பயணிகளைக் காற்றடைத்த இறப்பர்ப் படகுகளிலேயே கரைக்கு அனுப்புகின்றன.

ஐரோப்பிய நதிக் கப்பல்களுக்கும் இவ்வாறான வரம்புகள் உண்டு. ரைன் நதியிலிருந்து தன்யூப் நதிக்குச் செல்லும் கால்வாயின் மதகுகள் 12 மீற்றர் அகலமே உடையவை. எனவே கப்பல்கள் சுமார் 11.4 மீற்றர் அகலத்துக்குள் கட்டப்படுகின்றன. உள்வழிகளும் ஒடுங்கியே இருக்கும். மின்தூக்கி இருந்தாலும் அது பெரும்பாலும் மேற்தளம் வரை செல்வதில்லை. இடநெருக்கடியுள்ள துறைகளில் இரண்டு மூன்று கப்பல்கள் பக்கம் பக்கமாகக் கட்டப்படும்போது, ஒன்றினூடாக மற்றொன்றைக் கடந்தே கரையேற வேண்டியிருக்கும்.

ஆதலால், பெருங்கப்பலுக்கும் சிறுபடகுக்கும் இடைப்பட்ட, சில நூறு பேர் பயணிக்கும், மின்தூக்கியுள்ள கப்பலே நடமாட்டம் குறைந்தோருக்குப் பொதுவில் உகந்தது எனலாம். நோர்வேயின் கரையோரக் கப்பற்சேவை இதற்கு நல்லதோர் உதாரணம். 1893ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட அச்சேவை, பேர்கன் முதல் கிர்க்கனெஸ் வரை 34 துறைகளைத் தொடுகிறது. உள்ளூர் மக்களையும் சரக்கையும் ஏற்றும் சேவையாதலால் கப்பல்கள் மேடையையே அணைகின்றன. எனினும் பல துறைகளில் தரிப்பு அரைமணி நேரத்தை எட்டுவதில்லை. மெதுவாக நடப்பவர்கள் துரொண்ட்ஹைம், துரொம்சோ போன்று நீண்ட நேரம் தரிக்கும் இடங்களில் மட்டும் இறங்குவதே விவேகம்.

பதிவு செய்யுமுன் கேட்டறிய வேண்டியவை சில. சாதாரண அறைகளின் கதவு பல கப்பல்களில் 60 சென்ரிமீற்றர் அளவே. வழமையான சக்கர நாற்காலி அதனுள் நுழையாது. நாற்காலிக்கென அமைந்த அறைகள் சிலவே இருக்குமாகையால் முற்கூட்டியே பதிவு செய்ய வேண்டும். குளியலறையில் படி உள்ளதா, மின்தூக்கி எல்லாத் தளங்களுக்கும் செல்கிறதா, எந்தெந்தத் துறைகளில் படகு மாற வேண்டும், வற்றுப்பெருக்கினால் இறங்குபாலம் எவ்வளவு சரிவாகும், மருத்துவர் உள்ளாரா என்பவற்றுக்கு எழுத்தில் பதில் பெறுவது நன்று. கப்பலின் நடுப்பகுதியில், கீழ்த்தளத்திலுள்ள அறையில் ஆட்டம் குறைவு. அவசர நிலையில் மின்தூக்கி இயங்காது என்பதையும் மறத்தலாகாது. சர்வதேசப் பயணங்களில், அவசர வேளையில் விசேட உதவி தேவைப்படுவதாக அறிவிப்போரின் விபரம் புறப்படுமுன் கப்பற்தலைவருக்குத் தெரிவிக்கப்பட வேண்டும் என்பது கடற்பாதுகாப்பு விதி. கூச்சத்தினால் குறையை மறைப்பது உயிருக்கே ஆபத்தாகலாம்.

சட்டத்தின் துணையும் உண்டு. வெளிநாட்டுக் கொடியுடைய உல்லாசக் கப்பல்களும் அமெரிக்க நீர்ப்பரப்பில் இருக்கையில் அந்நாட்டின் மாற்றுத்திறனாளிகள் சட்டத்துக்கு உட்பட்டவையே என அமெரிக்க உயர்நீதிமன்றம் 2005ஆம் ஆண்டில் தீர்ப்பளித்தது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2012 டிசெம்பரிலிருந்து நடைமுறையிலுள்ள ஒழுங்குவிதி, 48 மணித்தியாலங்களுக்கு முன் அறிவித்தால் துறைமுகத்திலும் கப்பலிலும் இலவச உதவி வழங்கப்பட வேண்டும் என்கிறது. பாதுகாப்பையோ கப்பலின் அமைப்பையோ காரணங்காட்டி மறுக்க அதில் இடமுண்டு; 12 பயணிகள் வரை மட்டும் ஏற்றும் கப்பல்களுக்கு அது பொருந்தாது. கப்பல் சிறுத்துச் செல்லச் செல்லச் சட்டத்தின் பாதுகாப்பும் குன்றக்கூடும் என்பது இதிலிருந்து புலனாகும்.

இவை தூரதேசத்துச் செய்திகள் என்று நாம் ஒதுக்கிவிட முடியாது. 2023 ஜூனில் சென்னையிலிருந்து புறப்பட்ட உல்லாசக் கப்பலொன்று காங்கேசன்துறையை அடைந்தது. அதே ஆண்டு ஒக்டோபரில் நாகப்பட்டினத்துடனான பயணிகள் சேவை தொடங்கி, இடைநின்று, 2024 ஓகஸ்டில் மீண்டும் ஆரம்பமானது. நயினாதீவுக்கும் நெடுந்தீவுக்கும் செல்லும் மூத்தோர் பிறர் கைபிடித்தே படகேறுவதை நாம் அறிவோம். 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டமும், பொது இடங்களை யாவரும் அணுகத்தக்கனவாக்கப் பணிக்கும் 2006ஆம் ஆண்டின் ஒழுங்குவிதிகளும் நம் நாட்டில் உள்ளன. கடல் கடந்து கோவிலையும் விகாரையையும் உறவையும் காணச் செல்லும் ஒரு முதியவர், பிறர் தூக்கிவிடும் சுமையாகத் தம்மை உணரலாகாது. இறங்குதுறை அமைப்போர் முதலில் அவரது கால்களை எண்ணிப் பார்க்க வேண்டும்.