பள்ளி வளாகத்திலிருந்து தொடங்கும் சூழல் கல்வி: ஓர் ஆய்வு

1. முன்னுரை

கோடை விடுமுறை முடிந்து பள்ளி திறக்கும் பருவத்தில்தான் உலகச் சுற்றுச்சூழல் நாளான ஜூன் 5 வருகிறது. மரக்கன்று நடுவிழா, உறுதிமொழி, ஓவியப் போட்டி, பேச்சுப் போட்டி எல்லாம் பள்ளிகளில் குறைவின்றி நடக்கின்றன. ஓசோன் படலம் பற்றியும் பசுங்குடில் வாயுக்கள் பற்றியும் மேடையேறிப் பேசப் பிள்ளைகளுக்குத் தெரிகிறது. ஆனால், அதே பள்ளியின் வாசலில் நிற்கும் மரத்தின் பெயரைக் கேட்டால் பலர் விழிக்கிறார்கள். சென்ற ஆண்டு நட்ட கன்று பிழைத்ததா என்பதும் பெரும்பாலும் யாருக்கும் தெரிவதில்லை.

இந்த இடைவெளி ஏன் ஏற்பட்டது, அதை எப்படி நிரப்பலாம் என்பதே இக்கட்டுரையின் ஆய்வுப் பொருள். ஒரு குழந்தை தான் புழங்கும் இடத்தைத் தொடர்ந்து கவனிக்க வேண்டும்; கண்டதைப் பதிய வேண்டும்; அதிலிருந்து கேள்வி எழுப்ப வேண்டும். சூழல் குறித்த அக்கறை அப்போதுதான் வேரூன்றும் என்பது இக்கட்டுரையின் கருத்து. தமிழ்நாட்டுப் பள்ளிகள், சிறப்பாகத் தொடக்க, நடுநிலை வகுப்புகள், ஆய்வெல்லையாகக் கொள்ளப்பட்டுள்ளன.

2. கொள்கையும் சட்டமும்

2.1 உலக அரங்கு

1972இல் ஸ்டாக்ஹோமில் நடந்த ஐ.நா. மாநாடு சூழல் கல்வியின் தேவையை உலக நாடுகளின் முன் வைத்தது. 1975இல் பெல்கிரேடில் அதற்கான சாசனம் உருவானது. 1977 அக்டோபரில் ஜார்ஜியாவின் திபிலிசி நகரில் யுனெஸ்கோ நடத்திய மாநாடு சூழல் கல்விக்கு ஐந்து இலக்குகளை வகுத்தது: விழிப்பு, அறிவு, மனப்பான்மை, திறன், பங்கேற்பு. இந்த வரிசை ஆழ்ந்து கவனிக்கத்தக்கது. விழிப்பும் அறிவும் முதல் இரண்டு படிகள் மட்டுமே. அவற்றுக்கு மேல் இன்னும் மூன்று படிகள் உள்ளன. நம் பள்ளிகளின் நடைமுறையை அளக்க இதைவிடத் தெளிவான அளவுகோல் தேவையில்லை.

2.2 இந்தியச் சட்டம்

1976இன் 42ஆவது திருத்தம் அரசியலமைப்பில் இரு பிரிவுகளைச் சேர்த்தது. 48அ பிரிவு சூழலைக் காப்பதை அரசின் நெறியாக்கியது. 51அ பிரிவின் ‘எ’ கூறு காடு, ஏரி, ஆறு, வன உயிர்களைப் பேணுவதையும் உயிர்களிடம் இரக்கம் காட்டுவதையும் குடிமக்களின் கடமையாக்கியது. வழக்கறிஞர் எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில் 1991 நவம்பரில் உச்ச நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பு, சூழல் கல்வியைக் கட்டாயப் பாடமாக்க வழிவகுத்தது. அதன் தொடர்ச்சியாகவே தேசியக் கல்வி ஆராய்ச்சி மற்றும் பயிற்சிக் குழுமம் (என்.சி.இ.ஆர்.டி.) பள்ளி வகுப்புகளுக்கான மாதிரிப் பாடத்திட்டத்தை உருவாக்கியது. ஒரு பாடம் நீதிமன்ற ஆணையின் வழியே வகுப்பறைக்குள் நுழைந்தது நம் கல்வி வரலாற்றில் அரிய நிகழ்வு.

2.3 பாடநூலும் மன்றமும்

2005ஆம் ஆண்டின் தேசியக் கலைத்திட்ட வடிவமைப்பை ஒட்டி வந்த என்.சி.இ.ஆர்.டி. நூல்களில், மூன்று முதல் ஐந்து வகுப்புகளுக்கான சூழலியல் பாடம் குடும்பமும் நட்பும், உணவு, உறைவிடம், நீர், பயணம், நாம் செய்யும் பொருள்கள் என ஆறு கருப்பொருள்களில் அமைந்தது. அறிவியலும் சமூக அறிவியலும் அதில் பிரிக்கப்படவில்லை. குடத்து நீரைப் பற்றிய பாடத்தில் ஆவியாதலும் வந்தது. அந்தக் குடத்தைச் சுமப்பவர் யார் என்ற கேள்வியும் வந்தது. தமிழ்நாட்டுப் பாடநூல்களில் முதல் இரு வகுப்புகளுக்குச் சூழ்நிலையியல் தனிப் பாடம். மூன்றாம் வகுப்பில் அது அறிவியல், சமூக அறிவியல் என இரண்டாகப் பிரிகிறது. பிரிவு தவறன்று. ஆனால், ஏரியின் நீர் ஒரு நூலிலும் ஏரியை நம்பி வாழும் மனிதர் இன்னொரு நூலிலும் இடம்பெறும்போது, இரண்டையும் இணைக்கும் பொறுப்பு முழுவதும் ஆசிரியர் தலையில் விழுகிறது.

பாடத்துக்கு வெளியே, மத்தியச் சுற்றுச்சூழல் அமைச்சகம் 2001–02இல் தொடங்கிய தேசிய பசுமைப் படையின் கீழ்ப் பள்ளிகளில் சூழல் மன்றங்கள் இயங்குகின்றன. ஆக, சட்டம், பாடநூல், மன்றம் மூன்றும் நம்மிடம் உண்டு.

3. இடைவெளி எங்கே?

முதலாவது, சூழல் ‘நாள்’களாகச் சுருங்கிவிட்டது. நீர் நாளில் நீர், ஓசோன் நாளில் ஓசோன் என்று பேசி முடிக்கிறோம். இயற்கையோ பருவங்களாக நகர்வது. ஒரு மரத்தை ஒரு நாள் பார்ப்பதால் எதுவும் தெரியாது. ஓராண்டு பார்த்தால்தான் அது பேசத் தொடங்கும்.

இரண்டாவது, எடுத்துக்காட்டுகள் தொலைவில் உள்ளன. உருகும் பனிப்பாறையும் துருவக் கரடியும் உண்மையான கவலைகளே. ஆயினும் பத்து வயதுப் பிள்ளை அவற்றுக்காக எதுவும் செய்ய இயலாது. செய்ய இயலாததை மட்டுமே கேட்டுக்கொண்டிருக்கும் மனம் மெல்ல விலகிவிடும்.

மூன்றாவது, மதிப்பீடு நினைவாற்றலை மட்டும் சோதிக்கிறது. ‘நீர் மாசுபாட்டின் காரணங்கள் ஐந்து எழுதுக’ என்ற வினாவுக்கு, ஊர்க் குளத்தை எட்டிக்கூடப் பார்க்காமல் முழு மதிப்பெண் பெறலாம். திபிலிசியின் ஐந்து படிகளில் நாம் இரண்டாம் படியிலேயே நின்றுவிட்டோம்.

4. வளாகத்தைப் பயிலும் முறை

மேற்கண்ட மூன்று குறைகளையும் ஒருசேரத் தீர்க்கக்கூடிய களம் பள்ளி வளாகம். அங்கே நாள்தோறும் செல்லலாம், செலவில்லை, பார்த்ததை மறுநாள் சரிபார்க்கவும் முடியும். நான்கு பயிற்சிகள் இங்கு விளக்கப்படுகின்றன.

4.1 ஓர் எருக்கஞ்செடி

சுற்றுச்சுவர் ஓரத்தில் எருக்கு முளைக்காத பள்ளி குறைவு. களை என்று வெட்டி எறியும் அந்தச் செடியே வெந்தய வரியன் வண்ணத்துப்பூச்சியின் தொட்டில். இலையின் அடிப்பகுதியைப் புரட்டிப் பார்த்தால் வெளிறிய முட்டைகள் தனித்தனியே ஒட்டியிருக்கும். சில நாள்களில் வெளிவரும் புழு, கறுப்பும் வெள்ளையும் மஞ்சளுமாக வளையம் வளையமாக இருக்கும். உடலில் மூன்று இணைக் கறுப்பு இழைகள் நீட்டிக்கொண்டிருக்கும். அது இலையைத் தின்றுதின்று பருத்து, தலைகீழாகத் தொங்கிக் கூட்டுப்புழுவாகும். ஏறக்குறைய மூன்று நான்கு வாரங்களில், வெந்தய நிறச் சிறகு விரித்து வண்ணத்துப்பூச்சி வெளிவரும்.

இந்த ஒரு செடியில் உணவுச் சங்கிலி, உருமாற்றம், தற்காப்பு ஆகிய மூன்று பாடங்கள் அடங்கியுள்ளன. எருக்கின் நச்சு புழுவின் உடலில் சேர்வதால் பறவைகள் அதை ஒதுக்குகின்றன. புழுவின் பளிச்சென்ற நிறம் அதற்கான எச்சரிக்கை. ஆசிரியர் முன்கூட்டியே சொல்ல வேண்டியது ஒன்றுண்டு: எருக்கம்பால் கண்ணில் பட்டால் தீங்கு விளையும், எனவே இலையைக் கிள்ளாமல் பார்க்க வேண்டும், பார்த்தபின் கை கழுவ வேண்டும். இப்படிப் பார்த்த பிள்ளை அடுத்த முறை எருக்கை வெட்ட வரும் பெரியவரிடம் ‘ஏன்?’ என்று கேட்கும். அந்தக் கேள்வியே சூழல் கல்வியின் பயன். தமிழ்நாட்டின் மாநில வண்ணத்துப்பூச்சி தமிழ் மறவன் என்ற பொது அறிவுச் செய்திக்கும் அதன்பின் உயிர் வரும்.

4.2 மரமும் பறவையும்

ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு மரம் ஒதுக்கி, வாரம் ஒருமுறை தளிர், முற்றிய இலை, மொட்டு, பூ, காய், பழம் ஆகியவை உண்டா இல்லையா எனக் குறிக்கச் செய்யலாம். கேரளத்தில் வேர்பிடித்துப் பிற மாநிலங்களுக்கும் பரவிய ‘சீசன்வாட்ச்’ திட்டத்தில் பள்ளிப் பிள்ளைகள் இதைத்தான் செய்கிறார்கள். வேம்பு எப்போது இலை உதிர்க்கிறது, சரக்கொன்றை எந்த வாரம் பூக்கிறது என்ற பதிவுகள் ஆண்டுகள் பல சேரும்போது, பருவ மாற்றத்தை ஆராய்வோருக்கும் தரவாகின்றன. பூவரசம்பூ காலையில் மஞ்சளாக மலர்ந்து, வாடும்போது சிவப்பேறுவதைக் கண்ட பிள்ளை, அந்த மரத்தின் இலையில் பீப்பி செய்து ஊதியதோடு நில்லாமல் மேலும் பார்க்கத் தொடங்கும்.

பறவைகளுக்கும் இதே முறை பொருந்தும். தமிழ்நாட்டுப் பறவை ஆர்வலர்கள் பொங்கல் விடுமுறை நாள்களில் நடத்தும் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பில் பிள்ளைகளும் பங்கேற்கலாம். பதினைந்து நிமிடம் ஓரிடத்தில் நின்று, கண்ட காகம், மைனா, கொண்டலாத்தி ஆகியவற்றை எண்ணி எழுதினால் போதும். மக்கள் அறிவியல் என்பதன் முதல் பாடம் இது.

4.3 மழைக் கணக்கு

ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர் நீர் கிடைக்கும். பள்ளிக் கூரை 300 சதுர மீட்டர் என்றும் ஒரு நாளில் 20 மி.மீ. மழை என்றும் கொண்டால், கூரையில் விழுவது 6,000 லிட்டர். வழியில் ஐந்தில் ஒரு பங்கு வீணானாலும் 4,800 லிட்டர் தொட்டிக்கு வரும். ஏழாம் வகுப்புப் பிள்ளை எளிதாகப் போடக்கூடிய கணக்கு இது. தமிழ்நாட்டில் 2003 முதல் கட்டடங்களில் மழைநீர்ச் சேகரிப்பு கட்டாயம். தன் பள்ளியின் குழாய் எங்கே போகிறது, வடிகட்டியில் சருகு அடைத்திருக்கிறதா என்று பிள்ளைகள் தேடிச் சென்று பார்ப்பதே செய்முறைத் தேர்வாகலாம். 2015 டிசம்பரில் வெள்ளத்தையும் 2019 கோடையில் குடிநீர்ப் பஞ்சத்தையும் கண்ட சென்னை, இந்தக் கணக்கை அறியாமல் இருக்கலாகாது.

4.4 குப்பைத் தணிக்கை

ஒரு நாளின் குப்பைத்தொட்டியைச் சாக்கில் கொட்டி, கையுறையுடன் வகை பிரிக்கச் செய்யலாம். பென்சில் சீவல், தாள், வாழைப்பழத் தோல் ஒரு புறம்; சிப்ஸ் உறை, மிட்டாய்த் தாள், பேனா ரீபில் மறு புறம். ஒவ்வொன்றையும் எடை போட்டுக் கரும்பலகையில் எழுதினால், எடையில் குறைந்த சிப்ஸ் உறைகள் எண்ணிக்கையில் மிஞ்சி நிற்பதைப் பிள்ளைகளே கண்டறிவர். பல அடுக்குகளால் ஆன அந்த உறையை மறுசுழற்சி செய்வது கடினம் என்ற பாடத்துக்கு அதுவே தருணம். 2019 ஜனவரியில் தமிழ்நாட்டில் ஒருமுறைப் பயன்பாட்டு நெகிழிகளுக்குத் தடை வந்ததையும், 2021 டிசம்பரில் ‘மீண்டும் மஞ்சப்பை’ இயக்கம் தொடங்கியதையும் அந்தக் குவியலின் அருகில் நின்று சொன்னால் மனத்தில் பதியும்.

5. ஊர் அறிவைப் பள்ளிக்குள் அழைத்தல்

சூழல் அறிவு பாடநூலில் மட்டும் இருப்பதில்லை. கடற்கரைப் பிள்ளைகளின் வீட்டில் கொண்டல், கச்சான், வாடை ஆகிய காற்றுகள் அன்றாடப் பேச்சு. ஏரிப் பாசன ஊர்களில் மதகு, கலிங்கு, வரத்துக்கால் ஆகியவற்றின் பயனை விளக்கத் தாத்தாக்கள் இருக்கிறார்கள். சிவகங்கை மாவட்டம் கொள்ளுக்குடிப்பட்டி மக்கள், வேட்டங்குடிக்கு வலசை வரும் பறவைகள் மிரளக் கூடாதென்று தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. வேடந்தாங்கல் உழவர்கள் பறவைகளைக் காப்பதில் நன்றியும் உண்டு, கணக்கும் உண்டு. பறவை எச்சம் கலந்த ஏரிநீர் வயலுக்கு உரம். இத்தகைய பெரியவர்களை வகுப்புக்கு அழைத்து, பிள்ளைகள் கேள்வி கேட்கட்டும். தன் வீட்டாரின் அறிவு பள்ளியில் மதிக்கப்படுவதைக் காணும் பிள்ளைக்குப் படிப்பும் ஊரும் ஒன்றாகும்.

பள்ளி அறிவும் மரபறிவும் உயிர் காப்பவை என்பதற்கு 2004 டிசம்பர் 26 அன்று நேர்ந்த சுனாமி சான்று. தாய்லாந்தின் புக்கெட் கடற்கரையில் இருந்த டில்லி ஸ்மித் என்ற பத்து வயது ஆங்கிலேயச் சிறுமி, இரு வாரங்களுக்கு முன் புவியியல் வகுப்பில் படித்த சுனாமியின் அறிகுறிகளைக் கடலில் கண்டு பெற்றோரை எச்சரித்தாள். கரையில் இருந்தோர் தப்பினர். அதே நாளில் இந்தோனேசியாவின் சிமியுலுவே தீவினர், 1907இன் பேரலையிலிருந்து தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவந்த ‘ஸ்மோங்’ கதையை நினைவுகூர்ந்து மேட்டுக்கு ஓடினர். அங்கே உயிரிழந்தோர் மிகச் சிலரே. பெற்ற பாடமும் கண்ட காட்சியும் ஒரு நொடியில் இணைந்ததே இரண்டு இடங்களிலும் உயிர்களைக் காப்பாற்றியது.

6. வயதும் அச்சமும்

சிறு பிள்ளைகளிடம் அழிவைப் பற்றியே பேசினால் இயற்கையின் மீது அன்புக்குப் பதில் அச்சமே வளரும் என்று அமெரிக்கக் கல்வியாளர் டேவிட் சோபல் 1996இல் எச்சரித்தார். நான்காம் வகுப்புக்கு முன் பேரழிவுகள் வேண்டாம் என்பது அவர் முடிவு. அதை ஒட்டி மூன்று அடுக்குகளை இங்கு முன்மொழியலாம்.

ஐந்தாம் வகுப்பு வரை பழக்கம்: தொடுதல், பெயர் அறிதல், வளர்த்தல். ஆறு முதல் எட்டு வரை ஆய்வு: எண்ணுதல், அளத்தல், ஒப்பிடுதல். ஒன்பதுக்கு மேல் விவாதம்: பன்னாட்டு முக்கியத்துவமுள்ள ஈரநிலமாக, அதாவது ராம்சர் தளமாக 2022இல் அறிவிக்கப்பட்ட சென்னையின் பள்ளிக்கரணை சதுப்பு நிலம் எப்படிச் சுருங்கியது, அதன் ஓரத்தில் குப்பைக் கிடங்கு ஏன் வந்தது, அருகில் குடியேறியோர் யார், இழந்தோர் யார் என்று உரையாட அவர்கள் தயார்.

இன்னொன்றையும் அழுத்தமாகச் சொல்ல வேண்டும். சூழல் கேட்டின் பழியைப் பிள்ளை மீது ஏற்றக் கூடாது. குழாயை மூடு, விளக்கை அணை என்ற நற்பழக்கங்கள் தேவை. ஆனால், ஆற்றில் கழிவு கலப்பதை ஒரு பிள்ளையின் பழக்கம் தடுக்காது. அதற்குச் சட்டமும் கூட்டுமுயற்சியும் வேண்டும். ஊராட்சித் தலைவருக்கு மனு எழுதவும், கிராம சபை எப்படி இயங்குகிறது என்று அறியவும் கற்றுக்கொடுப்பதும் சூழல் கல்வியே.

7. ஆசிரியர், நேரம், மதிப்பீடு

இவை அனைத்தும் ஆசிரியரைப் பொறுத்தவை. எல்லாச் செடியின் பெயரும் அவருக்குத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. ‘எனக்கும் தெரியவில்லை, சேர்ந்து கண்டுபிடிப்போம்’ என்று சொல்லும் ஆசிரியரிடம்தான் பிள்ளைகள் தேடக் கற்கிறார்கள். ஆனால், அவருக்கு நேரம் வேண்டும். வாரத்தில் ஒரு பாடவேளை வெளியில் நடக்க வேண்டும் என்பது கால அட்டவணையில் இடம்பெற வேண்டும்; தலைமையாசிரியர் அதை மற்றப் பாடங்களுக்கு விட்டுக்கொடுக்கக் கூடாது.

மதிப்பீட்டுக்கு, ஆண்டு முழுதும் எழுதிய களக் குறிப்பேட்டையே எடுத்துக்கொள்ளலாம். பதிவு தொடர்ந்து வந்ததா, பிள்ளையின் சொந்தக் கேள்வி ஒன்றாவது உண்டா, கண்டறிந்ததை வைத்து ஏதேனும் செய்ததா என்ற மூன்றும் போதும். இவை திறனையும் பங்கேற்பையும் அளப்பவை.

8. முடிவுரை

சட்டமும் பாடநூலும் மன்றமும் கைவசம் இருந்தும் நம் சூழல் கல்வி அறிவோடு நின்றுவிடுவதற்குக் காரணம், அது பிள்ளையின் கண்ணையும் கையையும் எட்டாததே. வளாகத்து எருக்கும் கூரையின் மழைநீரும் குப்பைத்தொட்டியும் ஊர்ப் பெரியவர்களும் எந்தப் பள்ளிக்கும் எட்டும் வளங்கள். வாரம் ஒரு வெளிவகுப்பு, பிள்ளைக்கு ஒரு களக் குறிப்பேடு, மதிப்பெண்ணில் அதற்கு உரிய பங்கு ஆகிய மூன்றையும் கல்வித்துறை நடைமுறைப்படுத்த வேண்டும். ஆணை வரும்வரை காத்திருக்க வேண்டிய தேவையும் ஆசிரியர்களுக்கு இல்லை. முதல் பயிற்சிக்கு ஒரு செடியும் ஒரு குறிப்பேடும் போதும். அந்தக் குறிப்பேடு தொடர்ந்து எழுதப்படும் பள்ளியில், ஜூன் 5 அன்று மேடையேறும் பிள்ளை தான் கண்டதையே பேசும்.