பெரியநாயகி ரெண்டு பேர்

போன ஜனவரியில கள்ளக்குறிச்சி டீக்கடையில ஒரு சின்ன வாய்த்தகராறு. நண்பர் ஒருத்தர் கோணாங்குப்பம் தேருக்குப் போறேன்னு சொன்னதும், பக்கத்துல உட்கார்ந்திருந்த பெரியவர், "விருத்தாசலத்து அம்மன் பேரைத் திருடி வச்ச கோயிலுக்கா?"ன்னு கேட்டுட்டார். நண்பருக்கு முகம் சுருங்கிப் போச்சு. நான் வழக்கம் போல நடுவுல வாயைத் திறக்காம டீயை முடிச்சுட்டு வந்துட்டேன். ஆனா அந்தக் கேள்வி என்னை விடவே இல்லை. அதான் இந்தப் பதிவு.

ஊர் தெரியாதவங்களுக்கு: கோணாங்குப்பம் இப்போ கடலூர் மாவட்டம், விருத்தாசலம் பக்கம். கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானது 2019-ல். அதுக்கு முன்னாடி விழுப்புரம், 1993-க்கு முன்னாடி எல்லாருமே ஒரே தென்னாற்காடு ஜில்லா. நான் இன்னும் பழைய கணக்குல தான் யோசிக்கிறேன் :-) மாவட்டத்தைப் பிரிச்சாலும் தண்ணியைப் பிரிக்க முடியாதே. எங்க கல்வராயன் மலையில பொறக்குற மணிமுக்தா தான் விருத்தாசலம் கோயிலை ஒட்டி ஓடி, அப்புறம் வெள்ளாத்துல கலக்குது.

அந்த விருத்தாசலத்துல பழமலைநாதர். அம்மன் விருத்தாம்பிகை, தமிழ்ல பெரியநாயகி. குரு நமசிவாயர் கதை கேள்விப்பட்டிருப்பீங்க. பசியோட வந்தவர் அம்மனைக் கிழவின்னு விளிச்சுச் சோறு கேட்டுப் பாட, அவளும் கிழவியாவே வந்து நின்னாளாம். கிழவி எப்படிச் சோறு கொண்டு வருவான்னு அவள் கேட்கவும், இளமையாப் பாடி இளம்பெண்ணா வரவழைச்சாராம். அதனால அங்கே பாலாம்பிகைக்கும் தனிச் சன்னதி உண்டு. பெரியநாயகிங்கிற பேர் விருத்தாசலத்துக்கு மட்டும் சொந்தம்னும் சொல்ல முடியாது. தஞ்சைப் பெரிய கோயில் அம்மனும் பெரியநாயகி தான்.

இப்போ இன்னொரு பெரியநாயகி. இத்தாலியில காஸ்திக்லியோனேங்கிற ஊர்ல 1680-ல பொறந்த கான்ஸ்டன்டைன் ஜோசப் பெஸ்கி, 1710-ல கோவாவுக்கு வந்து, அடுத்த வருஷம் தமிழ்நாட்டுக்கு வந்தார். நம்ம வீரமாமுனிவர். சதுரகராதி (1732), தொன்னூல் விளக்கம், பரமார்த்த குரு கதை, எகர ஒகர எழுத்துச் சீர்திருத்தம் எல்லாம் பள்ளிக்கூடத்துலயே படிச்சாச்சு, திரும்பச் சொல்லலை. பள்ளிக்கூடத்துல சொல்லாதது, அவர் நம்ம பக்கத்துல ஒரு முந்திரிக்காட்டுச் சீமையில மாதாவுக்குக் கோயில் கட்டினதும், அதுக்குப் பெரியநாயகின்னு பேர் வச்சதும். அந்த ஊருக்கு ஆரியனூர்னு இலக்கியப் பேரும் கொடுத்தார். ஏலாக்குறிச்சியைத் திருக்காவலூர்னு சொன்ன மாதிரி. 3615 பாட்டு உள்ள தேம்பாவணி (1726) இங்கே வச்சு எழுதினதுன்னு ஊர்க்காரங்க சொல்றாங்க.

கோயில் வந்த கதையை எங்க அத்தை சொல்லித் தான் முதல்ல கேட்டேன். முனிவர் கையில ஒரு சின்ன மாதா சிலையோட நடந்து வந்து, களைச்சுப் போய் மரத்தடியில தூங்கிட்டாராம். சிலை தொலைஞ்சு போச்சு. ஆடு மேய்க்கிற பசங்க அதை எடுத்து ஒரு குச்சுக் கோயில் கட்டி வச்சு விளையாடியிருக்காங்க. அந்த நேரத்துல முகாசாபரூர் ஜமீன் கச்சிராயருக்குப் பிள்ளை இல்லை. அந்தக் குச்சுக் கோயில்ல வேண்டிக்கிட்டார், பொறந்தது, கோயில் கட்ட உதவினார். இது கர்ண பரம்பரைக் கதை. வரலாறுன்னு நான் சாதிக்கலை. ஆனா கதையில ஒண்ணு கவனிங்க: கச்சிராயர் மதம் மாறினார்னு கதை சொல்லவே இல்லை. வேண்டினார், கிடைச்சுது, செஞ்சார். அவ்ளோ தான்.

எழுத்துல இருக்குற தகவல் வேற. சென்னைக் கல்விச் சங்கத்து முத்துசாமிப் பிள்ளை, எல்லிஸ் துரை கேட்டுக்கிட்டதால முனிவரோட சுவடிகளைத் தேடி அலைஞ்சு, 1822-ல அவர் வரலாற்றை எழுதினார். நம்ம ஊர்ப் பொண்ணு மாதிரி உடை உடுத்தி, மணிலாவுல செஞ்சு வரவழைச்ச மாதா உருவம் கோணாங்குப்பத்துல வைக்கப்பட்டதுன்னு ஒரு செய்தி வழங்குது. எங்கேயோ பிலிப்பைன்ஸ்ல இருக்குற ஆசாரிக்கு நம்மூர்ச் சேலைக்கட்டை எப்படிப் புரிய வச்சாங்களோ தெரியலை!

சரி, இதுல என்ன பெரிய விஷயம்னு கேக்கலாம். காலத்தைப் பாருங்க. 1704-ல போப்பாண்டவரோட தூதர் தூர்னோன் புதுச்சேரியில ஒரு ஆணை போட்டார். 1606-ல மதுரைக்கு வந்த தத்துவ போதகர் (ராபர்ட் தெ நொபிலி) காலத்துல இருந்து சேசு சபைக்காரங்க ஊர் வழக்கத்தோட ஒட்டிப் போனதெல்லாம் தப்புன்னு ஆச்சு. பிள்ளையார் உருவம் போட்ட தாலி கூடாது. ஞானஸ்நானத்துல சாமி பேர் கூடாது, புனிதர்கள் பேர் தான் வைக்கணும். இந்தச் சண்டை நாற்பது வருஷம் இழுத்து, 1744-ல போப் 14-ஆம் பெனடிக்ட் கடைசியா முடிச்சு வச்சார். முனிவர் இறந்தது 1747. அதாவது அவரோட தமிழ்நாட்டு வாழ்க்கை கிட்டத்தட்ட மொத்தமும் இந்தச் சண்டைக்குள்ளே தான். அதுக்கு நடுவுல உட்கார்ந்துக்கிட்டு, ஒரு மனுஷன் மாதாவுக்கே பெரியநாயகின்னு பேர் வைக்கிறார்!

இதுக்கு முன்மாதிரி ஆயிரம் வருஷத்துக்கு முந்தியே உண்டு. ஆங்கிலோ சாக்சன்களை மதம் மாத்தப் போன குழுவுக்கு, 601-ல போப் கிரகோரி ஒரு கடிதம் எழுதினார். பழைய கோயில்களை இடிக்காதீங்க, உள்ளே இருக்குற விக்கிரகங்களை மட்டும் எடுத்துட்டு, தீர்த்தம் தெளிச்சு அங்கேயே கும்பிட விடுங்க. பழகின இடத்துக்கு ஜனங்க தானா வருவாங்கன்னு. பீட் பாதிரியார் 731-ல முடிச்ச வரலாற்றுல அந்தக் கடிதத்தைச் சேர்த்து வச்சிருக்கார். கொஞ்ச காலத்துலயே அந்த நாட்டுக்குச் சொந்தப் புனிதைகள் வந்துட்டாங்க. ஈலி ஊர்ல 673-ல மடம் கட்டின ராணி எத்தல்ட்ரெடா மாதிரி. ரோம்ல இருந்து வந்த மதம் ரெண்டு தலைமுறையில ஊர்க்காரி ஆயிடுச்சு.

அப்போ டீக்கடைப் பெரியவர் சொன்னது சரியா? பாதி சரி தான். முனிவர் சும்மா ஊர் சுத்த வரலை, மதம் மாத்தத் தான் வந்தார். பக்கத்துல எந்த அம்மன் பேருக்குச் செல்வாக்குன்னு தெரியாம அந்தப் பேரை வச்சிருக்க மாட்டார். கிரகோரி சொன்ன அதே கணக்கு. ஆனா இங்கே யாரும் எந்தக் கோயிலையும் பிடுங்கலை. பழமலைநாதர் கோயில் அவர் இடத்துல, இது காட்டுக்குள்ளே தனியா. கிரகோரி இடத்தை எடுத்துக்கச் சொன்னார், இவர் பேரைக் கடன் வாங்கினார். திருட்டுன்னா பொருள் சொந்தக்காரன்கிட்ட இருக்காதே, விருத்தாசலத்துப் பெரியநாயகி பேர் அங்கேயே தானே இருக்கு?

இன்னொண்ணும் சொல்லணும். எங்க அத்தைக்குக் கல்யாணமாகி ஒன்பது வருஷம் பிள்ளை இல்லை. அந்தக் காலத்துல பிள்ளை இல்லாத பொம்பளைக்கு வீட்டுல என்ன மரியாதைன்னு நான் சொல்ல வேண்டியதில்லை. ஒரு வளைகாப்புக்கு முன்வரிசையில உட்கார விட மாட்டாங்க. அத்தை விருத்தாசலம் போய் மணிமுக்தாவுல முழுகி விளக்கு போட்டாங்க. அப்படியே மங்கலம்பேட்டையில இறங்கி கோணாங்குப்பமும் போய் மெழுகுவர்த்தி ஏத்தினாங்க. பத்தாம் வருஷம் பையன் பொறந்தான். எந்த அம்மா கொடுத்ததுன்னு மாமா கிண்டல் பண்ணினா, அத்தை சிரிக்காம சொல்வாங்க: "சின்னவ யாரும் இல்லீங்க, ரெண்டு பேரும் பெரியவங்க தான்."

அந்தப் பையனுக்கு இப்போ நாப்பத்தி மூணு வயசு. ஜனவரி 23 தேருக்கு அத்தையை அவன் தான் வண்டியில கூட்டிட்டுப் போறான். இந்தத் தடவை பெரியவரையும் வரச் சொல்லிக் கேட்டுப் பார்க்கணும்னு இருக்கேன். வர மாட்டார்னு தான் நினைக்கிறேன், ஆனா டீ நான் வாங்கித் தர்றதா சொன்னா யோசிப்பார் :-)