சர்க்கரை இல்லாத ஆப்பிள் டார்ட்

ஒரு கஃபே மெனுவில் "ஆப்பிள், அத்தி, குங்குமப்பூ டார்ட்" என்று பார்த்தால் என்ன நினைப்பீங்க? ஏதோ புது ஷெஃப் பரிசோதனை பண்றார்னுதானே? ஆனா இந்தக் கூட்டணிக்கு 600 வயசுக்கு மேல ஆகுது.

1381-ஆம் ஆண்டைச் சேர்ந்த ஓர் ஆங்கிலக் கையெழுத்துப் பிரதியில் இந்த டார்ட் இருக்கிறது. சாமுவேல் பெக் என்பவர் 1780-ல் 'ஃபார்ம் ஆஃப் க்யூரி' என்ற நூலை அச்சிட்டபோது, இந்தப் பிரதியையும் அதோடு சேர்த்துப் போட்டார். ('க்யூரி'ன்னா நம்ம கறி இல்லீங்க, சமையல்னு அர்த்தம்.) அந்த நூல் இரண்டாம் ரிச்சர்ட் மன்னரின் சமையல்காரர்கள் தொகுத்தது. அதனால பலரும் இந்த டார்ட்டையும் அரண்மனை ரெசிபின்னே சொல்லிட்டு வர்றாங்க.

குறிப்பு ரொம்பச் சின்னது. நல்ல ஆப்பிள், நல்ல மசாலா, அத்தி, உலர் திராட்சை, பேரிக்காய். எல்லாத்தையும் நல்லா இடிச்சு, குங்குமப்பூவால் நிறம் ஏத்தி, மாவுக் கூட்டில் வைத்துச் சுட வேண்டும். அளவும் கிடையாது, நேரமும் கிடையாது.

அந்த மாவுக் கூட்டுக்கு அப்போ பேரு 'காஃபின்'. பயப்படாதீங்க, அந்தக் காலத்தில் அந்தச் சொல்லுக்குப் பெட்டி என்றும் பொருள் உண்டு. அச்சுத் தட்டு இல்லாமல் தானாகவே நிற்கிற கெட்டியான மாவு அது. இப்போ 'ரஸ்டிக்' டார்ட் என்று ஓரத்தைக் கையால் மடித்து, தட்டில் அப்படியே வைத்துச் சுடுகிறோமே, அதுவும் அச்சு தேவைப்படாத மாவுதான்.

சரி, அந்தக் குறிப்பில் ஒண்ணு காணோம், கவனிச்சீங்களா? சர்க்கரை! அன்றைய இங்கிலாந்தில் சர்க்கரை, கடல் தாண்டி வரும் விலை உயர்ந்த சரக்கு. மிளகு, ஏலம் மாதிரி அதையும் மசாலா கணக்கில்தான் வைத்திருந்தார்கள். இந்த டார்ட்டுக்கு இனிப்பு முழுக்கப் பழங்களில் இருந்தே வந்தது.

அப்புறம் எப்படி இது விசித்திரமான சேர்க்கை ஆச்சு? 1640-களில் இருந்து பார்படோஸில் கரும்புத் தோட்டங்கள் பெருகின. ஆப்பிரிக்காவிலிருந்து பிடித்து வரப்பட்ட அடிமைகள் அங்கே வெட்டிய கரும்பால் இங்கிலாந்தில் சர்க்கரை விலை இறங்கியது. அதே நூற்றாண்டில் பிரெஞ்சு சமையலும் இனிப்பை உப்பு, மசாலாவிலிருந்து பிரித்து, சாப்பாட்டின் கடைசிக்குத் தள்ளத் தொடங்கியது. டார்ட்டுக்குள் சர்க்கரை வந்தது. குங்குமப்பூவும் அத்தியும் மெல்ல வெளியேறின. இன்னைக்கு நாம "நார்மல்" ஆப்பிள் டார்ட்னு நினைக்கிற அந்தத் தித்திப்புக்குப் பின்னால், கூலி வாங்காத கைகள் இருக்கு.

இனிப்போடு உப்பு சேர்க்கிற பழக்கம் மட்டும் முழுசா சாகல. இங்கிலாந்தின் யார்க்‌ஷயரில் ஆப்பிள் பையோடு சீஸ் சாப்பிடுவாங்க. அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலம் 1999-ல் ஆப்பிள் பையைத் தன் அதிகாரபூர்வ 'பை'யாக அறிவித்தது. அதைப் பரிமாறும்போது குளிர்ந்த பால், வெனிலா ஐஸ்கிரீம், குறைந்தது அரை அவுன்ஸ், அதாவது சுமார் 14 கிராம் செடார் சீஸ், இதில் ஏதாவது ஒன்றைக் கூட வைக்க முயற்சி பண்ணணும்னு சட்டத்திலேயே எழுதி வச்சிருக்காங்க!

வீட்டில் அவன் இருந்தா, இந்த வாரம் சர்க்கரை டப்பாவைத் திறக்காம ஒரு டார்ட் போட்டுப் பாருங்க. புளிப்பு ஆப்பிள், பொடியா நறுக்கின அத்தி, உலர் திராட்சை, ஒரு ஸ்பூன் வெந்நீரில் ஊறின குங்குமப்பூ. பேரிக்காய் தண்ணி விடும், அதைக் கொஞ்சமா போடுங்க. முதல் வாய் "இனிப்பு பத்தல"ன்னு தோணலாம். எவ்வளவு இனிப்பு போதும்னு நம்ம நாக்குக்கு யார் சொல்லிக் கொடுத்தாங்கன்னு, ரெண்டாவது வாய்க்கு முன்னாடி யோசிங்க.

அடுத்த எபிசோடில் சந்திப்போம்.